ஜீப்பின் டிரான்ஸ்பர் கேஸ்: பிரிப்பதும் பூட்டுவதும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் சொந்தமாக ஜீப் வைத்திருப்பவர்களை இன்று விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த நாளில், மாலிகாவ் ரயில்வே குடியிருப்பிலிருந்து மலைப் பிரிவு வரை, ஜீப் இல்லாமல் எங்கள் வேலை நடக்காது. ஏலத்தில் எடுத்த பழைய ஜீப்புகள் இன்றும் இந்தப் பக்கத்து வீடுகளில் தார்ப்பாய்க்குக் கீழே நிற்கின்றன. அப்படி நின்ற ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வண்டி இல்லாதவர்களும் படிக்கலாம். நடுவில் வரும் ஒரு விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் 1990களில் ஒரு சி.ஜே.-3பி பெட்ரோல் ஜீப்பை ஏலத்தில் வாங்கினார். அவர் காலமான பிறகு அது ஆறு ஆண்டுகள் முற்றத்தில் நின்றது. மகன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். என்னைப் பெரியப்பா என்பான். தமிழைவிட அசாமியம் அவனுக்குச் சுலபம். எஞ்சினை எப்படியோ ஓட வைத்துவிட்டான். ஆனால் வண்டி நகர்ந்தால் வயிற்றுக்கடியில் ஊளையிடும் சத்தம், நின்ற இடத்தில் எண்ணெய்க் குளம், முன் சக்கரத்துக்கான லீவர் தானே வெளியே துள்ளும். ஒரு பட்டறையில் காட்டினான். "பெட்டியையே மாற்ற வேண்டும்" என்று அவர்கள் சொன்ன தொகைக்கு அந்த ஜீப்பையே விற்றாலும் காணாது. அவன் அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "ஓடினால் இருக்கட்டும். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் பழைய இரும்புக்காரர் வரும்போது போகட்டும்."

முதலில் டிரான்ஸ்பர் கேஸ் என்பது என்ன? சாதாரணக் கார்களில் எஞ்சின், கிளட்ச், கியர் பாக்ஸ், அதற்கப்புறம் சக்கரம். ஜீப்பில் கியர் பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு இரும்புப் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். கியர் பாக்ஸிலிருந்து வரும் சக்தியைப் பின் அச்சுக்கு மட்டும் அனுப்புவதா, இரண்டு அச்சுகளுக்கும் அனுப்புவதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ஹை, லோ என்று இரண்டு வேகங்களும் உண்டு. சி.ஜே.-3பியில் இருப்பது ஸ்பைசர் 18 என்ற பெட்டி. 1941ஆம் ஆண்டின் போர்க்கால ஜீப்பிலும் இதே குடும்பத்துப் பெட்டிதான். லோவில் போட்டால் வேகம் ஏறக்குறைய இரண்டரையில் ஒரு பங்காகக் குறையும் (கணக்கு 2.46க்கு 1), இழுவை அதே அளவு கூடும். அவ்வளவு இழுவையையும் பின் அச்சு ஒன்றே தாங்காது. ஆகவே முன் அச்சைச் சேர்த்த பிறகுதான் லோ விழும்படி உள்ளே ஒரு தடை வைத்திருக்கிறார்கள். அதைச் செய்வது சுண்டுவிரல் நுனி அளவுள்ள ஓர் எஃகுத் துண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தப் பெட்டியின் தனிக்குணம் ஒன்று உண்டு. சில பெட்டிகளில் ஹையில் ஓடும்போது சக்தி நேராகப் பாய்ந்துவிடும், உள்ளிருக்கும் மற்ற கியர்களுக்குப் பாரம் இல்லை. ஸ்பைசர் 18இல் அப்படி இல்லை. பின் அச்சுக்குப் போகும் தண்டு ஒரு பக்கமாக ஒதுங்கி இருப்பதால், ஹையோ லோவோ, எல்லாச் சக்தியும் நடுவிலுள்ள இடைக் கியர் வழியாகத்தான் போக வேண்டும். அந்த இடைக் கியர் ஒரு நிலையான தண்டின் மேல், ஊசி பேரிங்குகளில் சுழல்கிறது. வண்டி நகர்ந்தால் அதற்கு ஓய்வே கிடையாது. எந்த லீவர் நிலையிலும் ஊளைச் சத்தம் மாறவில்லை என்று பையன் சொன்னபோதே என் சந்தேகம் இடைக் கியர் மேல்தான்.

ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவனுக்குப் பொறுக்கவில்லை. நான் போகும்போது வண்டிக்கடியில் படுத்திருந்தான். அவர்கள் முற்றம் தெருவை நோக்கிச் சரிவானது. மாலிகாவில் சமதரை வீடு அபூர்வம். எண்ணெயை வடித்துவிட்டுப் பின்பக்கத்து புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிக்கொண்டிருந்தான். நான்கு நட்டுகளில் மூன்று தட்டில் கிடந்தன.

"ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறாயா?"

"போட்டிருக்கேன் பெரியப்பா. கியரும் போட்டிருக்கேன்."

"அப்படியே வெளியே வா. எதையும் தொடாதே."

காரணம் இதுதான். நம் கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களைப் பிடிக்கும். இந்தப் பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் டிரம் இருப்பது டிரான்ஸ்பர் கேஸின் பின் முகத்தில். அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை, புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிறது. ஷாஃப்ட் கழன்ற அந்த நிமிடம் டிரம்மைப் பிடித்துக்கொண்டு பிரேக் சும்மா நிற்கும், சக்கரம் சுதந்திரமாக உருளும். கியரில் போட்டதும் அதே கதைதான், எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே இருந்த ஒரே இணைப்பு அந்த ஷாஃப்ட். முன் அச்சு சேராமல் இருந்ததால் அந்தப் பக்கத்திலும் பிடிமானம் இல்லை. போதாததற்கு, ஆயில் சீல் போய் டிரம்முக்குள் எண்ணெய் இறங்கியிருந்ததால் அந்த பிரேக் ஏற்கெனவே பாதிதான் பிடித்துக்கொண்டிருந்தது.

ரயில்வேயில் ஒரு பெட்டியை நிறுத்திவைக்கும்போது கைப்பிரேக்கை மட்டும் நம்ப மாட்டோம். சக்கரத்துக்கு ஸ்கிட் வைப்போம், சங்கிலி போட்டுப் பூட்டுவோம். வீட்டிலிருந்து பழைய ஸ்லீப்பர் கட்டை இரண்டு கொண்டுவரச் செய்து, சரிவுப் பக்கம் இரு சக்கரங்களுக்கும் அணைத்து, மற்ற இரண்டுக்கும் செங்கல் வைத்தேன். பிறகு அவன் கடைசி நட்டைக் கழற்றினான். வண்டி ஒரு முழங்கை அளவு நகர்ந்து கட்டையில் இடித்து நின்றது. பையன் முகம் வெளுத்தது. வாசற்படியில் நின்றிருந்த அவன் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்தார்.

சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் அணை கொடுத்து, பிறகு படுக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும் தவறாகச் செய்தால் பணம்தான் போகும். நாங்களும் அன்று வேலையை நிறுத்தி, வண்டியை ஆள் வைத்துத் தள்ளி, அண்டை வீட்டுச் சமதரைக் கொட்டகைக்குக் கொண்டுபோன பிறகுதான் தொடர்ந்தோம்.

இடைக் கியர் மட்டும்தான் கோளாறு என்றால் பெட்டியை இறக்கவே தேவையில்லை. அடித்தட்டைக் கழற்றி, கீழிருந்தே பார்த்துவிடலாம். பின் தண்டின் பேரிங்கும் ஆடியதால் நாங்கள் முழுவதும் இறக்கினோம். தரைத் தகடு, லீவர்கள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஹேண்ட் பிரேக் கம்பி, முன் ஷாஃப்ட் ஆகியவை வரிசையாக வரும். ஷாஃப்டுகளைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் உளியால் ஒரு புள்ளிக்குறி போட்டுக்கொள்ளுங்கள், அதே நிலையில் திரும்பப் பூட்ட வேண்டும். கிராஸ் ஜாயிண்டின் கிண்ணங்கள் கீழே விழாமல் டேப் சுற்றிவிடுங்கள். கியர் பாக்ஸ் அமர்ந்திருக்கும் குறுக்குச் சட்டத்தை எடுக்கும் முன் அடியில் ஜாக்கி கொடுக்க வேண்டும்.

இனி பலரும் தவறும் இடம். பெட்டியின் பின்பக்கம் ஒரு வட்ட மூடி இருக்கும். அதைத் திறந்தால் கியர் பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் முனையும் அதில் ஒரு நட்டும் ஸ்பிளிட் பின்னும் தெரியும். அந்த நட்டைக் கழற்றி, கியரை இழுத்தெடுத்த பிறகுதான் பெட்டி பிரியும். அப்போதும் மெயின் ஷாஃப்ட் பெட்டியோடு சேர்ந்து வெளியே வரப் பார்க்கும். வந்துவிட்டால் கியர் பாக்ஸுக்குள் இருக்கும் சின்க்ரோ பாகங்கள் சிதறி, ஒரு நாள் வேலை ஒரு வார வேலையாகிவிடும். இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. கியர் பாக்ஸின் மேல் மூடியைத் திறந்து, மெயின் ஷாஃப்டில் இரண்டாவது கியருக்குப் பின்னால் ஒரு கட்டுக்கம்பியைச் சுற்றி, மறுமுனையை முன்பக்கத்துத் திருகு ஒன்றில் முறுக்கி இழுத்துக் கட்டிவிட வேண்டும். பிறகு பெட்டியை மரச்சுத்தியலால் தட்டித் தட்டிப் பின்னால் கொண்டுவரலாம். அதைத் தாங்க இன்னொரு ஜாக்கியோ இன்னொரு ஆளோ தேவை. நெஞ்சில் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம்.

இறக்கிய பெட்டியைத் திறக்கும் முன் வெளிப்புறத்தை மண்ணெண்ணெயில் கழுவினோம். வெளி அழுக்கு உள்ளே விழுந்தால் புதுப் பேரிங் போட்டும் பயனில்லை. ஹேண்ட் பிரேக் டிரம்மை எடுத்த பிறகு பின் மூடி வரும். அந்த மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே காகிதம் போன்ற மெல்லிய ஷிம்கள் இருக்கும். பின் தண்டு முன்பின்னாக எவ்வளவு ஆட வேண்டும் என்பதை நிர்ணயிப்பவை அவைதான். 1986இல் ஒரு மலைப் பிரிவு ஷெட்டில் இப்படிப்பட்ட ஷிம்களைச் சுத்தமாகத் துடைத்து அழகாகத் தட்டில் அடுக்கிவைத்தேன். எது எந்த மூடியினுடையது என்பதை மட்டும் எழுதிவைக்கவில்லை. இரண்டு நாள் வீணாயிற்று. அன்றிலிருந்து ஷிம்களை எடுத்தவுடன் நூலில் கோத்து அந்தந்த மூடியிலேயே கட்டிவிடுவேன்.

முன் மூடியில்தான் லீவர் ராடுகளைப் பிடித்துக்கொள்ளும் குண்டும் ஸ்பிரிங்கும் உள்ளன. திருகைக் கழற்றும்போது மேலே ஒரு துணியைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் குண்டு கொட்டகையின் மறுகோடிக்குப் பறக்கும். இரண்டு ராடுகளுக்கும் நடுவே குறுக்காக இருப்பதுதான் நான் முன்பு சொன்ன எஃகுத் துண்டு. இது தொலைந்தும் வண்டி ஓடும், அதுதான் ஆபத்து. முன் அச்சு சேராமலே லோ விழும், ஒரு நாள் ஏற்றத்தில் பின் அச்சு முறியும்.

அடித்தட்டைத் திறந்து, இடைத் தண்டின் பூட்டுத் தகட்டை எடுத்து, பித்தளைத் துண்டை வைத்து முன்னாலிருந்து பின்பக்கமாகத் தட்டினோம். தண்டு வெளியே வந்தது. பையனிடம் கொடுத்து, "கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவிப் பார்" என்றேன். ஊசிகள் ஓடிய இடத்தில் நகம் பள்ளத்தில் இறங்கியது. இரு பக்கத்துத் திரஸ்ட் வாஷர்களும் பிளேடு போல் மெலிந்திருந்தன. ஊளைக்குக் காரணம் கையில் இருந்தது.

லீவர் துள்ளுவதற்கும் இதுவே காரணம் என்று நான் எண்ணியது தவறு. முன் தண்டைச் சேர்க்கும் பற்களைக் கழுவிப் பார்த்தபோது அவற்றின் விளிம்புகள் உருண்டு மழுங்கியிருந்தன. அது வேறு நோய். விசாரித்தபோது பையன் சொன்னான்: "அப்பா எப்பவும் நாலு வீலும் போட்டுத்தான் ஓட்டுவார். பாதுகாப்புன்னு சொல்வார்." இந்த ஜீப்பில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போக வேண்டும், ஆனால் பெட்டி இரண்டையும் ஒரே கணக்கில் கட்டிவைக்கிறது. சேற்றிலும் மணலிலும் சக்கரம் சற்று வழுக்கிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லை. அந்த முறுக்கு முழுவதும் பற்களிலும் கிராஸ் ஜாயிண்டுகளிலும் ஏறும். முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்த டயர் என்றால் நேர் ரோட்டிலும் இதே தொல்லைதான். லீவர் இறுகி வர மறுத்தால் பலங்கொண்டு இழுக்காமல், நேராகக் கொஞ்சம் பின்னுக்கு ஓட்டினால் முறுக்கு அவிழும். என் நண்பர் மிகவும் எச்சரிக்கையான மனிதர். அந்த எச்சரிக்கைதான் பற்களைத் தின்றது என்று அவர் மகனிடம் சொல்லச் சற்றுத் தயக்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன்.

இடைத் தண்டு தேய்ந்தது எண்ணெய்க் குறைவால். பின் சீல் வழியாக ஒழுகியதை யாரும் பார்க்கவில்லை. கியர் பாக்ஸில் மட்டும் அளவு பார்த்துவிட்டு இரண்டும் சரி என்று விட்டிருக்கிறார்கள். இரண்டு பெட்டிகளுக்கும் தனித்தனி நிரப்பும் துளை உண்டு, இரண்டையும் திறந்து பார்க்க வேண்டும்.

இடைத் தண்டு, ஊசிகள், திரஸ்ட் வாஷர்கள், பின் தண்டின் டேப்பர் பேரிங்குகள், சீல்கள், முன் தண்டின் பல் சக்கரம் ஆகியவை தில்லி காஷ்மீரி கேட் சந்தையிலிருந்து பார்சலில் வந்தன. பட்டறை கேட்டதில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. இடைக் கியரின் பற்கள் நன்றாக இருந்ததால் பழையதையே போட்டோம். எல்லாவற்றையும் புதிதாக வாங்குவது எனக்கு உடன்பாடில்லை.

பூட்டும்போது கைவேலை இடைக் கியரில்தான். எங்கள் பெட்டியில் ஊசிகள் கூண்டில்லாமல் தனித்தனியாக இருந்தன. கியரின் உள்ளே கெட்டி கிரீஸைத் தடவி ஊசிகளை ஒட்டவைத்து, கியரின் நீளத்துக்கே வெட்டிய ஒரு மரத் தண்டை நுழைத்துக்கொண்டு, அப்படியே பெட்டிக்குள் ஏற்ற வேண்டும். உண்மைத் தண்டு நுழைய நுழைய மரத்தண்டு மறுபக்கம் வெளியே வரும். வாஷர்களின் காது பெட்டியின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க வேண்டும். நாங்கள் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை ஏற்றினோம். முதல் முறை ஒரு ஊசி குறைந்தது, அது பையனின் முழங்கை கிரீஸில் ஒட்டியிருந்தது.

பின் தண்டின் ஆட்டத்தை டயல் கேஜ் வைத்துப் பார்த்தோம். 0.004 முதல் 0.008 அங்குலம், அதாவது 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். முதலில் ஆட்டமே இல்லை. ஒரு ஷிம்மைச் சேர்த்தபோது 0.006 வந்தது. ஆட்டம் இல்லாமல் இறுக்கிவிட்டால் பேரிங் சூடேறிச் சீக்கிரம் போய்விடும். 90 நம்பர் ஜி.எல்.-4 எண்ணெயை இரண்டு பெட்டிகளிலும் துளை விளிம்பு வரை நிரப்பினோம்.

இரும்புக்காரர் வருவதாகச் சொன்ன நாளுக்கு நான்கு நாள் முன்பு பையன் அம்மாவை முன் சீட்டில் உட்காரவைத்துப் பாண்டு வரை ஓட்டிப்போய்த் திரும்பினான். ஊளை இல்லை. முன் லீவர் நிற்கிறது. அடித்தட்டு கேஸ்கெட்டின் ஒரு மூலையில் மட்டும் இரவுக்கு ஒரு சொட்டு எண்ணெய் சேர்கிறது. 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு எண்ணெயை மாற்றும்போது அந்தத் தட்டையும் கழற்றிப் பார்க்க வேண்டும். ஸ்லீப்பர் கட்டைகளைத் திருப்பித் தர வந்தான், அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.