நன்னூல் கூறும் பாடங்கேட்டல் மரபும் இல்லவழி இணையக் கல்வியும்

ஆய்வுச் சுருக்கம்

கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்பறை இல்லத்திற்கு இடம்பெயர்ந்தது. திரைவழியாக ஆசிரியரின் குரல் வந்து சேர்ந்தாலும், கற்றலின் பிற கூறுகள் பெரும்பாலும் பெற்றோரின் பொறுப்பாயின. ‘எழுதப்படிக்கத் தெரியாத நாங்கள் எவ்வாறு உதவ இயலும்?’ என்ற தயக்கம் முதல் தலைமுறையாகக் கற்கும் பிள்ளைகளின் இல்லங்களில் இயல்பாக எழுவது. நன்னூல் பொதுப்பாயிரம் வகுத்துள்ள பாடங்கேட்டல் நெறியைக் கொண்டு இல்லவழி இணையக் கல்வியில் பெற்றோரின் பங்கை வரையறுக்க இக்கட்டுரை முயல்கிறது.

திறவுச் சொற்கள்: நன்னூல், பொதுப்பாயிரம், பாடங்கேட்டல், இணையவழிக் கல்வி, பெற்றோர், எடுத்துரைத்தல்.

முன்னுரை

தமிழ்நாட்டில் 2020 மார்ச் மாதத்தில் மூடப்பட்ட பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றே மீண்டும் திறக்கப்பட்டன. இடைப்பட்ட பத்தொன்பது மாதங்களுக்கு மேலாகக் கைப்பேசியும், 2019இல் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சியும், வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பப்பட்ட காணொளிகளுமே பிள்ளைகளுக்குப் பள்ளியாக இருந்தன. பள்ளிகள் திறந்த பின்னரும் இம்முறை முற்றிலும் மறையவில்லை. மழை விடுமுறையிலும் தேர்வுக் காலத்திலும் திரைவழிப் பாடம் இல்லங்களுக்குள் வந்துகொண்டேயிருக்கிறது. ஆகவே, இல்லத்தில் கற்கும் பிள்ளைக்கு யார், எதை, எவ்வளவு செய்தல் வேண்டும் என்னும் வினா இன்றும் பொருந்துவதாகும்.

பொதுப்பாயிரத்தில் கற்றலின் பங்கீடு

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தை நூல், ஆசிரியன், பாடஞ்சொல்லும் திறன், மாணாக்கன், பாடங்கேட்கும் முறை என ஐந்தாகப் பகுத்துள்ளார். இறுதிப் பகுதியில் அமைந்துள்ள இரு கருத்துகள் இவ்வாய்வுக்கு அடிப்படையாகும்.

முதலாவது, மீள்கேட்டல். ஒருமுறை கேட்டவன் மறுமுறையும் கேட்டால் பிழை நீங்கும். மூன்றாம் முறையும் கேட்டால் முறையறிந்து பிறர்க்கு உரைக்கும் ஆற்றல் வாய்க்கும் என்பது அவர் கருத்து. இரண்டாவது, கற்றலின் பங்கீடு. ஆசிரியர் உரைத்ததை முழுமையாக உள்வாங்கினாலும் மாணாக்கனுக்கு வாய்ப்பது காற்பங்கு புலமையே. உடன்பயில்வாரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கும், கற்றதைப் பிறர்க்குச் செவ்விதாக எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் கிட்டும் என உரைகள் விளக்குகின்றன.

இப்பங்கீடு அளந்து கண்ட கணக்கன்று. கற்றலின் முதன்மையை உணர்த்தும் மரபுக் கூற்றாகும். இலக்கண நூல் பயிலும் முதிர்ந்த மாணாக்கனை முன்னிறுத்தியே இது கூறப்பட்டது என்பதும் உண்மை. எனினும், கேட்பதோடு கற்றல் நிறைவுறுவதில்லை என்னும் அடிப்படை தொடக்கநிலைப் பிள்ளைக்கும் ஒக்கும்.

இணையவழிப் பாடம் தருவதும் தராததும்

நன்னூல் நெறியில் வைத்து நோக்கினால் இணையவழிப் பாடத்தின் வலிமையும் குறையும் தெளிவாகின்றன. பதிவுசெய்யப்பட்ட காணொளியை இருமுறையும் மும்முறையும் கேட்கலாம். நேரடி வகுப்பில் அரிதாகிய மீள்கேட்டல் இங்கு எளிதாகிறது. தந்தை வேலைக்குக் கொண்டுசென்ற கைப்பேசி மாலையில் வீடு திரும்பிய பின்னரும் பிள்ளை பாடத்தைக் கேட்க இயல்கிறது.

ஆனால், இங்ஙனம் எத்தனை முறை கேட்டாலும் கிட்டுவது ஆசிரியர்வழி வரும் காற்பங்கே. ஒலிவாங்கி அணைக்கப்பட்ட நிலையில் நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் திரைவகுப்பில் உடன்பயிலலும் வினாவுதலும் எடுத்துரைத்தலும் பெரிதும் தடைப்படுகின்றன. ஆகவே, இல்லம் ஈடுசெய்ய வேண்டியது இம்முக்காற்பங்கையே ஆகும். பெற்றோர் இரண்டாம் ஆசிரியராக மாறிப் பாடத்தை மீண்டும் நடத்துவதால் இக்குறை நீங்காது. அதுவும் காற்பங்கிற்குள்ளேயே அடங்கும்.

கேட்போராகப் பெற்றோர்

எஞ்சியவற்றுள் பெரும்பங்கு எடுத்துரைத்தலுக்கு உரியது. எடுத்துரைக்கக் கேட்போர் ஒருவர் வேண்டும். அக்கேட்போர் கற்றவராக இருத்தல் வேண்டும் என்பதில்லை. நன்னூல் இங்குக் கணக்கிடுவது உரைப்பவனுக்கு வாய்க்கும் புலமையையே. எனவே, எழுத்தறியாத தாயும் பாட்டியும் பிள்ளையின் கல்வியில் அரைப்பங்குக்குத் துணைநிற்கத் தகுதியுடையோர் ஆவர்.

இதற்குப் பின்னக் கணக்கு ஓர் எடுத்துக்காட்டாகும். கால் பெரிதா, அரைக்கால் பெரிதா என்னும் வினாவில், எட்டு என்பது நான்கினும் பெரிய எண் என்பதால் எட்டில் ஒன்றே பெரிது எனப் பிள்ளைகள் மயங்குவது உண்டு. நாள்தோறும் அரிசி அளக்கும் தாய்க்கு எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதும், இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு என்பதும், நான்கு உழக்கு ஒரு படி என்பதும் கைவழக்கில் தெரியும். ‘ஆழாக்கில் அதிகம் பிடிக்குமா, உழக்கிலா? ஏன்?’ என்று அவர் கேட்க, பிள்ளை அளந்து காட்டி விளக்கும்போது மயக்கம் தானே நீங்குகிறது. பாடநூலைப் படிக்க இயலாத ஒருவர் பாடத்தின் உண்மையைச் சோதித்தறியும் நிலை இங்கு உருவாகிறது.

ஒவ்வொரு பாடத்திற்குப் பின்னும் மூன்று வினாக்கள் போதுமானவை: இன்று என்ன சொன்னார்கள்? அது ஏன் அப்படி? நம் வீட்டிலிருந்து அதற்கு ஓர் எடுத்துக்காட்டு என்ன? பிள்ளை விடைகூற இயலாமல் நிற்கும் இடமே மீண்டும் கேட்க வேண்டிய இடமாகும். அவ்விடத்தைத் தாளில் குறித்து ஆசிரியருக்குக் குரற்பதிவாக அனுப்பச் செய்தால் தடைப்பட்ட வினாவுதலும் மீட்கப்படும். மாறாக, ஒப்படைவுகளைப் பெற்றோரே எழுதித் தருவது பிள்ளைக்குரிய அரைப்பங்கைப் பறிப்பதாகிவிடும்.

காலமும் இடனும்

பாடஞ்சொல்வோர் தக்க காலமும் இடமும் நோக்குதல் வேண்டும் என நன்னூல் விதிக்கிறது. இணையவழிக் கல்வியில் இப்பொறுப்பும் இல்லத்தைச் சார்ந்ததாகிறது. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடங்கள் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மிகலாகாது என்று நடுவண் அரசின் 2020ஆம் ஆண்டு ‘பிரக்யாதா’ வழிகாட்டுதல் பரிந்துரைத்தது. மேய்ந்த பின் அசைபோடும் பசுவைத் தலைமாணாக்கனுக்கு உவமையாக்கும் நன்னூல் மரபும் இடைவெளியின் தேவையை உணர்த்துகிறது. ஒரு செடியிலும் நிலையாக மேயாத ஆடு கடைமாணாக்கனுக்கு உவமை. பாடத்தினின்று விளையாட்டிற்கும் விளையாட்டினின்று காணொளிக்கும் தாவும் விரல் அவ்வாட்டை நினைவூட்டுவது. எனவே, பாடவேளையில் பிற அறிவிப்புகளை அணைத்தலும், தொலைக்காட்சி ஒலிக்காத ஓர் இடத்தை ஒதுக்குதலும் பெற்றோர் செய்யக்கூடியவை.

உடன்பயிலல்

எஞ்சிய காற்பங்கு உடன்பயில்வாரால் வருவது. தமிழகத் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணாக்கன் சட்டாம்பிள்ளையாக நின்று இளையோரைப் பயிற்றினான். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை ஆதரவற்றோர் பள்ளியில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல், பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை 1797இல் நூலாக வெளியிட்டார். அதுவே பின்னர் ‘மதராசு முறை’ என இங்கிலாந்தில் பரவிற்று. தமிழ்நாட்டரசு 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’, மாலை வேளையில் தன்னார்வலரைக் கொண்டு பிள்ளைகளைக் குடியிருப்பிலேயே சிறு குழுக்களாகக் கூட்டியது. ஒரு தெருவில் கைப்பேசியுள்ள வீடும் இல்லாத வீடும் கலந்திருக்கையில், இரண்டு மூன்று பிள்ளைகள் ஒரு திண்ணையில் சேர்ந்து ஒரே காணொளியைக் கேட்டு ஒருவர்க்கொருவர் விளக்குவது இக்காற்பங்கை மீட்கும் எளிய வழியாகும். கருவியின்மையால் ஒரு பிள்ளை விடுபட்டுப் போவதையும் அது ஓரளவு தடுக்கும்.

முடிவுரை

இணையவழிப் பாடம் ஆசிரியர்வழிக் கேட்டலையும் மீள்கேட்டலையும் இல்லத்திற்குக் கொண்டுவருகிறது. உடன்பயிலல், வினாவுதல், எடுத்துரைத்தல் ஆகியன இல்லத்தாரால் அமைத்துத் தரப்பட வேண்டியவை. இவற்றுக்குப் பெற்றோரின் கல்வித்தகுதி இன்றியமையாததன்று. நாளும் சிறிது நேரம் செவிகொடுக்கும் பொறுமையே தேவை. பள்ளிகள் பெற்றோருக்கு வழங்கும் அறிவுரைகள் கருவியை இயக்கும் முறையோடு நின்றுவிடாமல், பிள்ளை எடுத்துரைக்கக் கேட்கும் முறையையும் உள்ளடக்குதல் வேண்டும். கற்பித்தலை இயலாமையாகக் கருதி ஒதுங்கும் பெற்றோரை அவர்தம் பிள்ளையின் கல்விக்குள் மீண்டும் அழைத்துவர நன்னூலின் பாடங்கேட்டல் மரபு இங்ஙனம் துணைபுரிகிறது.