சிக்னலில் நின்றால் ஏசி ஏன் கைவிடுகிறது?

கேள்வி: 2009-இல் வாங்கிய சின்ன கார் வைத்திருக்கிறேன். வேலூரிலிருந்து வாலாஜா டோல்கேட் வரை போகும்போது ஏசியில் கை விறைத்துப்போகிறது. திரும்பி வந்து கிரீன் சர்க்கிள் சிக்னலில் நின்றால் இரண்டே நிமிடத்தில் வெறும் காற்று. இன்னும் கொஞ்சம் நின்றால் அனல். கிரீன் விழுந்து வண்டி வேகமெடுத்ததும் மறுபடி குளிர். மார்ச்சில் கேஸ் போட்டோம், மே மாதம் மறுபடி போட்டோம். இரண்டாவது தடவைக்குப் பிறகு இன்னும் மோசம். கேஸ் இவ்வளவு சீக்கிரமா தீர்ந்துபோகும்? கம்ப்ரஸரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?
– வேலூர் வாசகர்

பதில்: அவசரப்பட்டுக் கம்ப்ரஸரில் கை வைக்காதீர்கள். ‘ஏசி கூலிங் இல்லை, என்ன செய்யலாம்’ என்று ஒரே வரியில் எழுதுபவர்கள்தான் அதிகம். நீங்கள் எப்போது குளிர்கிறது, எப்போது குளிரவில்லை, எதற்குப் பிறகு மோசமானது என்று மூன்றையும் எழுதியிருக்கிறீர்கள். பாதி வைத்தியத்தை நீங்களே பார்த்துவிட்டீர்கள், மீதிக்கு நான் வருகிறேன்.

முதலில் அந்தக் கேஸ் சமாச்சாரம். பெட்ரோல் எரிந்து தீர்கிறது, அதனால் ஏசி கேஸும் ஓட ஓடத் தீரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தீருகிற பொருளே அல்ல. உங்கள் காலத்துக் கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்ற குளிர்பொருள். திறந்த வெளியில் விட்டால் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அதைக் குழாய்க்குள் அடைத்து, ஆவியாக்கி, திரும்பத் திரவமாக்கி, மறுபடி ஆவியாக்கி, அதே சரக்கையே சுற்றவிடுகிறோம். வீட்டு ஃபிரிட்ஜ் பத்துப் பதினைந்து வருடம் ஒரே கேஸில் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். காரில் ரப்பர் ஹோஸ்களும், கம்ப்ரஸர் தண்டு வெளியே வருமிடத்தில் ஒரு சீலும் இருப்பதால் வருடத்துக்குக் கொஞ்சம் கசியத்தான் செய்யும். பழைய வண்டிக்குச் சில வருடங்களுக்கு ஒருமுறை கேஸ் குறைவது இயல்பு. இரண்டே மாதத்தில் காலியானால் அது கசிவு. கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் போடுவது வீண்செலவு.

ஆனால் உங்கள் வண்டியில் பெரிய கசிவு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கேஸ் நன்றாகக் குறைந்திருந்தால் டோல்கேட் போகும் வழியிலும் கை விறைக்காது. கூடவே கம்ப்ரஸரின் கிளட்ச், அதாவது இன்ஜின் பெல்ட்டோடு கம்ப்ரஸரை இணைத்தும் பிரித்தும் விடுகிற காந்தத் தட்டு, சில விநாடிகளுக்கு ஒருமுறை ‘டக், டக்’ என்று விழுந்து எழுந்துகொண்டே இருக்கும். உங்கள் வண்டி ஓடும்போது ஒழுங்காகக் குளிர்கிறது. ஓடும்போது கிடைத்து, நிற்கும்போது கிடைக்காமல் போவது எது? முன்பக்கத்திலிருந்து வந்து மோதுகிற காற்று. சந்தேகத்தை அங்கிருந்து தொடங்குவோம்.

முன்கிரில் வழியாக எட்டிப் பார்த்தால் ரேடியேட்டருக்கு முன்னால் மெல்லிய அலுமினியத் தகடுகளும் குழாய்களுமாக ஒரு சட்டம் தெரியும். அதுதான் கண்டன்சர். காருக்குள்ளிருந்து உறிஞ்சிய வெப்பத்தை வெளியே கொட்டுகிற இடம் அது. ஏசி குளிரை உற்பத்தி செய்வதில்லை, உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்ப் போடுகிறது, அவ்வளவுதான். வெளியே 40 டிகிரி வெயில் என்றால் கண்டன்சர் அதைவிடச் சூடாக, 55, 60 டிகிரியில் இருந்தால்தான் வெப்பம் காற்றுக்குப் போகும். 60 டிகிரியில் இந்தக் கேஸின் அழுத்தம் 230 பி.எஸ்.ஐ. அளவில் நிற்கும். வெயில் நாளில் அது ஆரோக்கியமான அளவே.

சிக்னலில் நிற்கிறீர்கள். எதிர்காற்று இல்லை. அந்த நேரத்துக்காகவே ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு மின்விசிறி வைத்திருக்கிறார்கள். அது சுற்றவில்லை என்றால், அல்லது பேருக்குச் சுற்றினால், கண்டன்சரில் கேஸ் திரவமாகாது. அழுத்தம் ஏறும். காருக்குள் வெப்பத்தை உறிஞ்சும் கூலிங் காயிலுக்கு முன்னால் எக்ஸ்பான்ஷன் வால்வ் என்ற குறுகிய துளை இருக்கிறது. திரவம் அதன் வழியே பீச்சியடித்து ஆவியாகும்போதுதான் குளிர் பிறக்கிறது. அங்கே சூடான, அரைகுறைத் திரவம் வந்து சேர்ந்தால் குளிர் எங்கிருந்து வரும்? அழுத்தம் 400 பி.எஸ்.ஐ.யை ஒட்டியோ அதைத் தாண்டியோ போனதும் குழாயில் இருக்கும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். நீங்கள் ‘வெறும் காற்று’ என்று எழுதியது அந்த நேரத்தைத்தான். குழாய் வெடிக்காமல் காப்பாற்றும் அந்தச் சுவிட்சைக் குற்றம் சொல்லி, ஒயரைச் சேர்த்து முறுக்கி ‘டைரக்ட்’ கொடுக்கிற வேலையை யாராவது செய்ய வந்தால் அனுமதிக்காதீர்கள்.

இரண்டாவது தடவைக்குப் பிறகு மோசமானது ஏன் என்பதும் இப்போது விளங்கும். போதுமான கேஸ் இருக்கும்போதே மேலே போட்டால், உபரித் திரவம் கண்டன்சரின் கீழ்க்குழாய்களில் தேங்கி நிற்கும். கேஸ் குளிர்ந்து திரவமாக வேண்டிய இடம் அதனால் சுருங்கும். ஏற்கெனவே மூச்சுத் திணறும் கண்டன்சருக்கு இது கூடுதல் பாரம்.

‘மீட்டர் வைத்துப் பார்த்துத்தான் போட்டார்கள்’ என்பீர்கள். இன்ஜினை நிறுத்திய வண்டியில் வைத்த மீட்டர் கேஸின் அளவைச் சொல்லாது. உள்ளே திரவம் கொஞ்சமாவது இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே. 35 டிகிரியில் ஏறக்குறைய 115 பி.எஸ்.ஐ. காட்டும். உள்ளே 200 கிராம் இருந்தாலும் 450 கிராம் இருந்தாலும் அதே 115தான்.

இனி நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள். மதிய வெயிலில் வண்டியைத் திறந்த இடத்தில் நிறுத்தி, நியூட்ரலில் ஹேண்ட்பிரேக் போட்டு, ஏசியை முழுதாக வைத்துப் பானட்டைத் திறங்கள். துண்டு, துப்பட்டா, முழுக்கைச் சட்டையின் தொங்கல் எதுவும் உள்ளே போகக் கூடாது. இந்த விசிறிகள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பும். பெரும்பாலான கார்களில் ஏசி போட்டதுமே, அல்லது ஓரிரு நிமிடத்தில், விசிறி ஓடியாக வேண்டும். இன்ஜின் சூடானபின் மட்டும் ஓடினால் போதாது. பல பழைய கார்களில் விசிறிக்கு இரண்டு வேகம். மெதுவேகத்துக்கான ரெசிஸ்டர், அதாவது மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கிற சின்னத் துண்டு, எரிந்துபோனால் ஏசிக்கு விசிறி வராது, இன்ஜின் கொதிக்கும்போது மட்டும் வரும். ‘ஃபேன் ஓடுதே சார், நானே பார்த்தேன்’ என்று மெக்கானிக் சொல்வது இப்படித்தான்.

விசிறி ஓடுகிறது என்றால் அடுத்தது தாள் சோதனை. செய்தித்தாளின் ஒரு பக்கத்தை முன்கிரில்மேல் வைத்துக் கையை எடுங்கள். விசிறி உருப்படியாக இழுத்தால் தாள் கிரில்லோடு ஒட்டி நிற்கும். சரிந்து விழுந்தால் இழுப்பு போதவில்லை. மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்து பாதி வேகத்தில் சுற்றலாம். கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் பஞ்சும் புழுதியும் பூச்சியும் சேர்ந்து கம்பளிபோல் அப்பியிருக்கலாம். முன்னால் பார்த்தால் பளிச்சென்று இருக்கும், ரேடியேட்டரைக் கழற்றினால்தான் குட்டு வெளிப்படும். தாள் ஒட்டாததோடு வெளியே தள்ளப்பட்டால் எனக்கு மிகவும் பிடித்த கோளாறு அது: புது மோட்டார் மாட்டும்போது ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். விசிறி எதிர்ப்பக்கம் சுற்றி, இன்ஜின் சூட்டைக் கண்டன்சர்மேலேயே ஊதுகிறது. பார்வைக்கு எல்லாம் சரியாக ஓடும், அதனால் கண்டுபிடிக்க மாதக்கணக்காகும்.

மூன்றாவது, தண்ணீர். ஏசி ஓடி, காற்று சூடாகத் தொடங்கியதும் ஒரு வாளித் தண்ணீரை மக்கில் மொண்டு, கிரில் வழியாகக் கண்டன்சர்மேல் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். வேகமாகப் பீச்சும் வாட்டர் சர்வீஸ் குழாய் வேண்டாம், தகடுகள் மடங்கிவிடும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஏசி துவாரத்தில் கை வைத்திருக்கட்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் குளிர் திரும்பினால் தீர்ப்பு எழுதிவிடலாம்: காற்றோட்டம்தான் கோளாறு, கம்ப்ரஸர் நல்லவர்.

தண்ணீர் ஊற்றியும் மாற்றமில்லை, ஆனால் நின்ற இடத்திலேயே ஆக்ஸிலரேட்டரை மிதித்து 1500, 2000 சுற்றுக்கு ஏற்றினால் குளிர்கிறது என்றால் கதை வேறு. அப்போதுதான் கம்ப்ரஸர் தேய்ந்திருக்கிறதா, கேஸ் கொஞ்சம் குறைவா என்று யோசிக்க வேண்டும். அதற்கும் முன்னால் ஒன்று: ஏசி போட்டதும் இன்ஜினின் ஐடில் வேகம் சற்றே ஏற வேண்டும். அழுக்கேறிய த்ராட்டில் பாடி, அதாவது இன்ஜினுக்குள் காற்று போகும் வாசல், அந்த ஏற்றத்தைத் தடுக்கும். சுத்தம் செய்தால் தீர்ந்தது.

நீங்கள் ‘அனல்’ என்று எழுதிய சொல்லையும் விட்டுவிட முடியாது. ஏசி நின்றுபோனால் வெளிக்காற்றின் சூடுதான் வர வேண்டும். அதைவிடச் சூடாக வந்தால் ஹீட்டர் கதவைச் சந்தேகியுங்கள். டாஷ்போர்டுக்குப் பின்னால் குளிர்ந்த காற்றையும் ஹீட்டர் காற்றையும் கலக்கும் ஒரு மடல் இருக்கிறது. உங்கள் காரில் அதை ஒரு கேபிள் இழுக்கும். வேலூரில் யாரும் ஹீட்டர் போடுவதில்லை, ஆனாலும் கேபிள் தளர்ந்தால் மடல் முழுதாக மூடாது. தானியங்கி கிளைமேட் கன்ட்ரோல் உள்ள கார்களில் இதே வேலையைச் சின்ன மோட்டார் செய்யும். அதன் பிளாஸ்டிக் பல் உடைந்தால் டாஷ்போர்டுக்குள் கடகடவென்று சத்தம் கேட்கும்.

விசிறியைச் சரிசெய்தபின் கேஸையும் ஒழுங்குபடுத்தியாக வேண்டும், ஏனென்றால் இப்போது உள்ளே எவ்வளவு இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. இருப்பதை மெஷினில் இழுத்து எடுக்கச் சொல்லுங்கள். காற்றில் திறந்துவிட அனுமதிக்காதீர்கள். பூமியைச் சூடாக்குவதில் இது கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியமானது. பிறகு அரைமணி நேரமாவது வாக்கும் போட வேண்டும். பம்பு வைத்து உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சுகிற வேலை அது. ஈரம் தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் குழாயை அரிக்கும். கடைசியாக, பானட்டின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ, அத்தனை கிராமை எடைபோட்டு ஏற்ற வேண்டும். சின்ன கார்களுக்கு அது அரைக் கிலோ அளவில்தான் இருக்கும். தராசே இல்லாத பட்டறையில், ‘கை வைச்சுப் பாத்தாலே தெரியும்’ என்பவரிடம் கேஸ் வேலை கொடுக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் அவசரம். உங்கள் காரைப் போன்ற பல சின்ன கார்களில் கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் ஒரே விசிறிதான். அது படுத்துவிட்டால் ஏசியோடு நிற்காது, இன்ஜினும் சூடேறி, அதன் தலைப்பகுதியை அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கெட் எரிவதில் கொண்டுபோய் விடும். அந்தச் செலவும் லேசானதல்ல. ஆகவே விசிறியைப் பார்க்கும்வரை சிக்னலில் நிற்கும்போது ஏசியை அணைத்துவிட்டு, டெம்பரேச்சர் முள்ளின்மேல் ஒரு கண் வைத்திருங்கள். நடுவைத் தாண்டி ஏறினால் ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் ஆறும்வரை தொடாதீர்கள்.