பழைய சைக்கிள் பிரேமும் பண்டமாற்றுக் கணக்கும்



கோவை-கரூர் சாலையும் திருப்பூர்-தாராபுரம் சாலையும் சந்திக்கும் எங்கள் அவிநாசிபாளையத்தில், கடைக்குப் பின்புறம் ஒரு பழைய சைக்கிளைச் சாத்தி வைத்திருக்கும் வியாபாரிகள் பலர். ஒரு காலத்தில் அரிசிச் சிப்பமும் எண்ணெய் டின்னும் அதன் கேரியரில்தான் வீடு வீடாகப் போயின. 1980ல் டி.வி.எஸ். 50 வந்தது, சைக்கிள் மூலைக்குப் போயிற்று. சில கடைகளில் பற்று பாக்கிக்கு ஈடாக வந்து நின்றுவிட்ட சைக்கிளும் உண்டு. பழைய இரும்புக்காரர் வந்தால் இவற்றை எடைக்குப் போட்டு, வந்ததைக் கல்லாவில் போட்டுக்கொள்கிறோம்.

எல்லாமே எடைக்குப் போக வேண்டிய சரக்கா என்றால், இல்லை. பழைய இரும்புச் சைக்கிளைத் தேடி வாங்கி, பழுது பார்த்து, ஆசையாக ஓட்டுகிறவர்கள் இன்று நம் நகரங்களிலும் உண்டு, வெளிநாடுகளிலும் உண்டு. அவர்களில் பலர் ரொக்கத்துக்கு மட்டும் வாங்குவதில்லை. "என்னிடம் 24 அங்குல பிரேம் இருக்கிறது, எனக்கு 22 வேண்டும், மாற்றிக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார்கள். விற்றாலும் மாற்றினாலும் வணிகர் அறிய வேண்டியவை சில உண்டு. அவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

1. சரக்கை அடையாளம் காணுதல்

பருப்பு வாங்கும்போது எந்த ஊர், எந்த ரகம் என்று கேட்கிறோம். சைக்கிளுக்கும் அதே கேள்விதான். ராலே சைக்கிள் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்துச் சரக்கு. ஹெர்குலிஸ் பர்மிங்ஹாம் சரக்கு. சுதந்திரத்துக்குப் பின் இவை நம் நாட்டிலேயே செய்யப்பட்டன. 1949ல் முருகப்பா குழுமத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியுடன் சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிளைச் செய்தது. மேற்கு வங்கத்து அசன்சோலில் சென்-ராலே தொழிற்சாலை ராலே சைக்கிளைச் செய்தது. எனவே பெயர் ஒன்றாக இருந்தாலும் பிறந்த ஊர் வேறாக இருக்கலாம். முன்பக்கத்துப் பித்தளைச் சின்னத்தையும் பிரேமில் எஞ்சியுள்ள எழுத்துகளையும் துடைத்துப் படித்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். இங்கிலாந்துச் சரக்கைத் தேடுகிறவர் வேறு, அம்பத்தூர்ச் சரக்கைத் தேடுகிறவர் வேறு. இரண்டுக்கும் ஆள் உண்டு. ஒன்றை மற்றொன்றாகச் சொல்லி விற்பதுதான் தவறு.

அடுத்தது நம்பர். சீட் கம்பி நுழையும் மூட்டிலோ, பெடல் அச்சு ஓடும் குழலின் அடியிலோ பிரேம் நம்பர் குத்தியிருக்கும். அதை எழுதிக்கொள்ள வேண்டும். பின் சக்கரத்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் கியர் ஹப் இருந்தால், அதன் மேல் குத்திய இரண்டு இலக்கம் பெரும்பாலும் அது செய்யப்பட்ட ஆண்டைக் காட்டும். 52 என்றால் 1952. ஆனால் அது ஹப்பின் வயது மட்டுமே. சக்கரம் எப்போது வேண்டுமானாலும் மாறியிருக்கலாம். அதை வைத்துப் பிரேமின் வயதை அடித்துச் சொல்லக் கூடாது.

2. சோதித்தல்

அளவு முதலில். பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட் குழலின் மேல் விளிம்பு வரை அளக்க வேண்டும். 22 அங்குலம், 24 அங்குலம் என்பது அதுதான். சக்கரத்தின் அளவு அல்ல.

அடுத்தது நேர். இதற்கு நூல் போதும். பின் சக்கரம் மாட்டும் ஒரு பக்கத்து வெட்டில் நூலைக் கட்டி, முன்பக்கத்துக் குழலைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்கத்து வெட்டில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழலுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளந்து பாருங்கள். ஒன்றாக இருந்தால் பிரேம் நேர். வித்தியாசம் இருந்தால் எங்கோ கோணல்.

மூன்றாவது அடி. எதிலாவது மோதிய சைக்கிளில், முன் குழலுக்குச் சற்றுப் பின்னால் கீழ்க் குழலின் அடிப்புறத்தில் பெயிண்ட் சுருங்கியோ வெடித்தோ இருக்கும். விரலால் தடவினால் மேடு தெரியும். நான்காவது துரு. சீட் கம்பியைக் கழற்ற வர வேண்டும். வராவிட்டால் உள்ளே துருப்பிடித்து இறுகிவிட்டது என்று பொருள். மழைநீர் இறங்கித் தேங்கும் இடம் பெடல் அச்சுக் குழல். அதன் அடியை நன்றாகப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவது மரை. பழைய ராலேயில் பெடல் அச்சின் கப் பெரும்பாலும் அங்குலத்துக்கு 26 மரை. பொதுவான இங்கிலாந்து அளவு 24 மரை. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், ஏறாது. கப் தொலைந்த பிரேமை வாங்குகிறவருக்கு இது முன்பே தெரிய வேண்டும்.

3. பெயிண்ட் அடிக்காதீர்கள்

விற்கும் முன் பளபளப்பாக்கிக் காட்டுவது நம் வழக்கம். இந்தச் சரக்கில் அது நஷ்டம். தேடி வாங்குகிறவர் கம்பெனியின் பழைய பெயிண்டையும், அதன் மேல் இழுத்த பொன்னிறக் கோட்டையும், மங்கிப்போன எழுத்தையும்தான் மதிக்கிறார். புதுக் கறுப்பு பெயிண்ட்டைக் கண்டால், அடியில் வெல்டிங் வைத்த ஒட்டு இருக்குமோ என்ற சந்தேகம்தான் வரும். ஈரத் துணியால் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி வைத்தால் போதும்.

4. விலை வைத்தல்

போர்க்கோடு சேர்ந்த பிரேம் நாலைந்து கிலோ இருக்கும். கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 150 ரூபாய். இது அடிமட்டம், இதற்குக் கீழே போகாது. மேலே எவ்வளவு என்பது நான்கைப் பொறுத்தது: நேராக இருக்கிறதா, முழுமையாக இருக்கிறதா, பழைய பெயிண்ட் இருக்கிறதா, வேண்டுகிறவர் கிடைத்தாரா. கடைசியது முக்கியம். மளிகைச் சரக்குக்குத் தினமும் மார்க்கெட் விலை உண்டு, இதற்கு இல்லை. அவசரப்பட்டு விற்றால் எடை விலைதான். காத்திருக்க இடமும் பொறுமையும் உள்ளவருக்கே நல்ல விலை.

இங்கே ஒரு நியாயம் சொல்ல வேண்டும். கணவர் காலமான பின் அவர் சைக்கிளைக் கொண்டுவந்து, "என்ன எடை வருதோ போட்டுக் குடுங்கண்ணா" என்று நிற்கும் அம்மாவிடம், சரக்கின் மதிப்பு தெரிந்த பிறகும் எடைக்கு வாங்குவது வியாபாரம் ஆகாது. "அம்மா, இது எடைக்குப் போடுகிற வண்டி அல்ல; விற்றுத் தருகிறேன், இவ்வளவு கமிஷன்" என்று சொல்வதே முறை. கமிஷன் மண்டி நடத்துகிற நமக்கு இது புதிதல்ல. வரும் லாபம் சற்றுக் குறையலாம். அந்த வீட்டின் மாத மளிகைச் சீட்டு வேறு கடைக்குப் போகாது.

5. மாற்று என்பது இரண்டு விற்பனை

சண்டை அதிகம் வருவது இங்கேதான். பிரேமுக்குப் பிரேம், பிரேமுக்குச் சக்கரம் என்று கைமாற்றும்போது விலையே பேசாமல் விடுகிறோம். பிறகு ஒருவருக்கு ஏமாந்துவிட்டோமோ என்ற எண்ணம் வருகிறது, பேச்சு வளர்கிறது. வழி எளிது. இரு சரக்குக்கும் தனித்தனியே ரூபாயில் விலை எழுத வேண்டும். உங்கள் பிரேம் 6,000, அவர் சக்கர ஜோடி 4,500 என்று இருவரும் ஒப்பினால், அவர் 1,500 ரொக்கம் தர வேண்டும். நாளை ஒன்று பழுது என்று திரும்பினாலும் எவ்வளவு திருப்புவது என்பதில் தகராறு இராது.

வரிச் சட்டமும் இப்படித்தான் பார்க்கிறது. 2017ம் ஆண்டு ஜி.எஸ்.டி. சட்டத்தின் 7வது பிரிவில் விற்பனையோடு பண்டமாற்றும் சேர்த்தே சொல்லப்பட்டுள்ளது. மதிப்பு எப்படி என்பதற்கு விதி 27ல் ஓர் உதாரணம்: பழைய போனை வாங்கிக்கொண்டு புதுப் போனை 20,000 ரூபாய்க்குக் கொடுத்தாலும், மாற்றில்லாமல் அதன் விலை 24,000 என்றால், மதிப்பு 24,000தான். எக்ஸ்சேஞ்ச் விற்பனை செய்கிற பாத்திரக் கடை, மிக்சி கடை நண்பர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பழைய பொருள் வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்கிறவருக்கு விதி 32(5)ல் ஒரு சலுகை உண்டு. வாங்கும்போது உள்ளீட்டு வரி எடுக்காமல், பொருளின் தன்மை மாறாமல் விற்றால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டுமே வரி. 2,000க்கு வாங்கி 3,200க்கு விற்றால் 1,200க்கு வரி. சைக்கிளுக்கு 12 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். ஆக 60 ரூபாய். உங்கள் பதிவுக்கு இது பொருந்துமா என்பதை வரி ஆலோசகரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

6. ரசீது இல்லாமல் வாங்காதீர்கள்

1930ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27வது பிரிவுப்படி, பொதுவாக விற்பவருக்கு இல்லாத உரிமை வாங்குபவருக்கு வராது. திருட்டுச் சைக்கிளைக் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் அது நம்முடையது ஆகாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்புவதற்குக் காரணம் இருந்தோ வாங்கினால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317வது பிரிவின் கீழ்க் குற்றம். பழைய சைக்கிளுக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது. ஆகவே விற்பவரின் பெயர், முகவரி, போன் நம்பர், பிரேம் நம்பர், விலை, தேதி எழுதிக் கையெழுத்து வாங்குவது ஒன்றே நமக்குப் பாதுகாப்பு. பிரேம் நம்பரை ராவியோ மறைத்தோ இருந்தால் வேண்டாம் என்று அனுப்பிவிடுங்கள்.

7. பார்சல்

வெளியூருக்கு லாரி பார்சலில் அனுப்பும்போது, பின் சக்கரம் மாட்டும் இடைவெளியிலும் போர்க்கின் நுனியிலும் அளவுக்கு வெட்டிய மரத்துண்டு வைத்துக் கட்டுங்கள். மேலே பாரம் விழுந்தால் நசுங்குவது அந்த இடம்தான். சுற்றிக் கட்ட நம் ஊரில் பனியன் கட்டிங் வேஸ்ட்டுக்குப் பஞ்சமில்லை. அதன் மேல் கோணிச் சாக்கு. வாடகை நம் செலவா, 'டு பே'யா என்பதை முன்பே பேசி எழுதிவிடுங்கள். கட்டும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, கீறல், பள்ளம் உட்பட அவருக்கு அனுப்புங்கள். குறையைச் சொல்லி விற்ற சரக்கு திரும்பி வராது.

"எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?" என்பார்கள். மாற்றுக்கும் அது பொருந்தும். தெரிந்து விலை வை, குறையைச் சொல், இரு பக்கமும் எழுது. இந்த மூன்றும் சைக்கிள் பிரேமுக்கு மட்டும் அல்ல. பழைய தராசு, இரும்புப் பெட்டி, மாவு மில் மோட்டார் என நம் கடைகளில் கைமாறும் எல்லாவற்றுக்கும் சரி. இந்த வாரம் கடையின் பின்கட்டைச் சுத்தம் செய்யும்போது, எடைக்குப் போடும் முன் அந்தப் பித்தளைச் சின்னத்தைக் கொஞ்சம் துடைத்துப் பாருங்கள்.