ஒரு காணிக்கு எத்தனை ஏர்?

திண்டிவனம் பக்கம் ஒரு துண்டு நிலத்துக்குக் குறைந்தது மூன்று அளவு இருக்கும். பட்டாவில் 0-53.50 என்று ஹெக்டேர், ஏர் கணக்கு. கிரயப் பத்திரத்தில் 1 ஏக்கர் 32 சென்ட். நிலத்துக்காரரைக் கேட்டால் "ஒரு காணிங்க" என்பார். நிலம் ஒன்றுதான். ஆனால் பத்திரத்தின் 1.32 ஏக்கரை ஏராக மாற்றினால் 53.42 வருகிறது, காணியை மாற்றினால் 53.51. பட்டா சொல்வது 53.50.

இந்தச் சின்ன இடைவெளி வரப்பில் தெரியாது, தாளில் தெரியும். சொட்டுநீர்ப் பாசன மதிப்பீடு, பம்புசெட்டுக் கையேடு, போர்வெல் அறிக்கை, வங்கிக் கடனுக்கான திட்ட அறிக்கை என்று எதை எழுதினாலும் பட்டாவும் பத்திரமும் நிலத்துக்காரர் வாய்ச்சொல்லும் ஒரே கோப்பில் சேர்ந்துவிடுகின்றன. இந்தியாவில் மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956இல் வந்தது. தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நடந்த, நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யூ.டி.ஆர். திட்டத்தின் நிலப் பதிவுகள் ஹெக்டேரில் எழுதப்பட்டன. ஆனால் அதற்கு முந்தைய அளவுகள் எதுவும் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. விழுப்புரம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட ஆவணங்களை எழுதித் தருவது என் தொழில். அதில் எனக்குப் பெரிதும் கைகொடுப்பது திரையில் ஒரு படம்கூடக் காட்டாத ஒரு கருவி: க்னூ யூனிட்ஸ்.

இது டெர்மினலில் ஓடுவது. யூனிக்ஸ் கணினிகளில் 1970களிலேயே இருந்த ஒரு சிறு நிரலின் வழித்தோன்றல். இன்றைய க்னூ வடிவத்தை எழுதியவர் ஏட்ரியன் மரியானோ. உபுண்டு போன்ற லினக்ஸ் கணினியில் ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். விண்டோஸுக்கும் உண்டு. அதன் பிறகு இணையம் தேவையில்லை. சிக்னல் இல்லாத தோட்டத்தில் உட்கார்ந்துகூடக் கணக்குப் போடலாம். இயக்கினால் இரண்டே கேள்வி கேட்கும்: கையில் என்ன இருக்கிறது, என்னவாக வேண்டும். ஹெக்டேர் என்று முதல் கேள்விக்கும் ஏக்கர் என்று இரண்டாவதற்கும் பதில் கொடுத்தால் 2.4710538 என்ற பெருக்கும் எண்ணும், அதன் தலைகீழான வகுக்கும் எண்ணும் வரும். ஆயிரக்கணக்கான அலகுகள் அதன் வரையறைக் கோப்பில் இருக்கின்றன. லட்சமும் கோடியும்கூட அதற்குத் தெரியும்.

மாற்றித் தருவதைக் காட்டிலும் பெரிய உதவி ஒன்று உண்டு. தவறான கேள்விக்கு இது பதில் சொல்லாது.

சொட்டுநீர் அமைப்பவர்கள் அழுத்தத்தைக் கிலோவில்தான் சொல்வார்கள். "லைன்ல ஒரு கிலோ பிரஷர் இருந்தா போதும்" என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. கம்பெனிக் கையேட்டில் அதே அழுத்தம் பாரில் இருக்கும். கிலோகிராம் வகுத்தல் சதுர சென்டிமீட்டர் என்று யூனிட்ஸிடம் கொடுத்து பார் கேட்டால், இரண்டும் பொருந்தவில்லை என்று நின்றுவிடும். கிலோகிராம் என்பது நிறை, அழுத்தத்துக்கு வேண்டியது விசை. கிலோகிராம் விசை என்று மாற்றிக் கொடுத்தால்தான் 0.980665 பார் என்ற விடை கிடைக்கும். சாதாரண கால்குலேட்டருக்கு அலகு தெரியாது. அது எந்த எண்ணையும் எந்த எண்ணாலும் பெருக்கித் தந்துவிடும். 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து, கிம்லி என்ற இடத்தில் என்ஜின் இல்லாமல் தரையிறங்கியது. லிட்டரைக் கிலோவாக மாற்றும் இடத்தில் 1.77 என்று பெருக்கியிருந்தார்கள். அது லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்ற எண். அந்த எண்ணோடு பவுண்டு என்ற சொல்லும் சேர்ந்து பயணித்திருந்தால் கணக்கு அங்கேயே முரண்டுபிடித்திருக்கும். ஆகவே எண்ணைத் தனியே எழுதாதீர்கள். ஆவணத்தில் மட்டுமல்ல, கைக்குறிப்பிலும் அலகோடுதான் எழுத வேண்டும்.

நம்மூர் அளவுகள் இந்தக் கருவிக்குத் தெரியாது. சென்ட் என்று கொடுத்தால் அது டாலரில் நூறில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்கிறது. குழியும் காணியும் அதில் இல்லவே இல்லை. அதற்காகவே சொந்தக் கோப்பு ஒன்று வைத்துக்கொள்ளும் வசதி தந்திருக்கிறார்கள். வீட்டு அடைவில் யூனிட்ஸ் என்ற பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்துக் கோப்பைச் சேமித்தால், ஒவ்வொரு முறையும் அதைப் படித்துக்கொள்ளும். ஒரு வரியில் பெயர், ஓர் இடைவெளி, அதன் மதிப்பு. அவ்வளவுதான். சென்ட் என்பது ஏக்கரில் நூறில் ஒரு பங்கு என்று ஒரு வரி. ஆனால் டாலர் சென்ட்டை அழித்துவிடாமல், முன்னால் தமிழ்நாட்டுக்கான இரண்டு எழுத்தைச் சேர்த்து வேறு பெயராக வைப்பது நல்லது. பெயருக்குள் இடைவெளிக்கும் கழித்தல் குறிக்கும் இடமில்லை, அடிக்கோடு போடலாம்.

குழிக்கு வரும்போது நின்று யோசிக்க வேண்டும். விழுப்புரம், திண்டிவனம், புதுச்சேரி பக்கம் ஒரு குழி 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. நூறு குழி ஒரு காணி. அதாவது 57,600 சதுர அடி. தஞ்சாவூர்ப் பக்கம் போனால் குழி 12 அடிக்கு 12 அடி, வெறும் 144 சதுர அடி. அங்கே நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. இரண்டு குழிக்கும் நான்கு மடங்கு வித்தியாசம். கும்பகோணத்திலிருந்து வந்த ஒருவர் செஞ்சிப் பக்கம் நிலம் பார்த்துக் குழிக் கணக்கில் பேசினால், பேசுகிற இருவரும் ஒரே சொல்லைச் சொல்லி வேறு வேறு நிலத்தை நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் என் கோப்பில் வெறும் குழி என்று எதுவும் கிடையாது. விழுப்புரம் குழி, தஞ்சைக் குழி என்று ஊர்ப் பெயரோடுதான் இருக்கின்றன. யாராவது ஊரைச் சொல்லாமல் குழி என்று கொடுத்தால் கருவி தெரியாது என்று சொல்லட்டும். அதுதான் சரியான பதில்.

காணிக்கு 1.32 ஏக்கர் என்பது எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் எண். ஒரு காணிக்குப் போதும். பத்துக் காணிக்கு அதையே வைத்துப் பெருக்கினால் 1,008 சதுர அடி காணாமல் போகும். இரண்டு சென்ட்டுக்கு மேல். ஹெக்டேருக்கு இரண்டரை ஏக்கர் என்பதும் அதே கதைதான். நான்கு ஹெக்டேரைப் பத்து ஏக்கர் என்று எழுதினால் பதினொன்றரை சென்ட் கூடுதலாகிவிடும். சொந்தக் கோப்பில் காணியை நூறு குழி என்றும், குழியை 576 சதுர அடி என்றும் எழுதுங்கள். 1.32 என்று எழுத வேண்டாம். மூல அளவு எதுவோ அதுதான் வரையறை. மற்றதைக் கருவி பார்த்துக்கொள்ளும். முழு எண்ணாக்குவது கடைசி வரியில் ஒரே ஒரு முறை.

பழைய புலப்படங்களில் எண்கள் லிங்க்ஸில் இருக்கும். 66 அடிச் சங்கிலியில் நூறில் ஒரு பங்கு ஒரு லிங்க். படத்தில் ஒரு பக்கம் 250, இன்னொரு பக்கம் 400 என்று இருந்தால் அது சரியாக ஒரு ஏக்கர். அதையே அடி என்று வாசித்தால் கிட்டத்தட்ட 2.3 ஏக்கர் ஆகிவிடும். மீட்டர் என்று வாசித்தால் பத்து ஹெக்டேர்! எந்தப் புலப்படத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் அலகு எது என்று தேடுங்கள். பிறகு பட்டாவின் பரப்போடு ஒத்துப்பாருங்கள்.

தண்ணீர்க் கணக்கில் இந்தக் கருவி இன்னும் சுவையானது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே இருக்கும் வீடூர் அணையின் கொள்ளளவு 605 மில்லியன் கன அடி. தமிழகத்தில் 2,200 ஏக்கரும் புதுச்சேரியில் 1,000 ஏக்கரும் அதன் பாசனப் பரப்பு. 605 மில்லியன் கன அடியை 3,200 ஏக்கரால் வகுத்து அடியில் கேட்டால் 4.34 என்று வருகிறது. அணை நிரம்பியிருக்கும்போது, ஆவியாவதும் கசிவதும் போக எவ்வளவு என்று பார்க்காமல், அத்தனை நிலத்திலும் நாலேகால் அடிக்கு மேல் தண்ணீர் நிறுத்தலாம் என்று பொருள். மில்லியன் கன அடி என்று செய்தியில் படிக்கும்போது மனதில் எதுவும் பதிவதில்லை. நாலேகால் அடி என்றால் மார்பளவு என்று உழவருக்குச் சட்டென்று புரிகிறது. ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை பதிவானது. 51 சென்டிமீட்டரை ஒரு ஏக்கரால் பெருக்கி லிட்டரில் கேளுங்கள்: 20 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏற்றினால் ஒரே ஒரு ஏக்கருக்கு 172 நடை. மழைநீர் வடிகால் பற்றி அறிக்கை எழுதும்போது இப்படி ஒரு வரி போட்டால், படிப்பவர் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகமாட்டார்.

எல்லாவற்றையும் மாற்றிவிடக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கையேட்டில் இருக்கும் இஞ்ச் அனைத்தையும் ஒரே ஸ்கிரிப்டில் மில்லிமீட்டராக்கிவிடலாம் என்று தோன்றும். இரண்டு இஞ்ச் பைப் 50.8 மில்லிமீட்டர் ஆகிவிடும். அப்படி ஒரு பி.வி.சி. பைப் எந்தக் கடையிலும் இல்லை. கடைக்காரர் இரண்டு இஞ்ச் என்று எடுத்துத் தருவதன் வெளிவிட்டம் 63 மில்லிமீட்டர். இரண்டரை இஞ்ச்சுக்கு 75, மூன்றுக்கு 90, நான்குக்கு 110. இவை அளவுகளே அல்ல, பெயர்கள். கணக்கில் சேராமல் தனி அட்டவணையில் இருக்க வேண்டியவை.

போர்வெல் தண்ணீரும் அப்படித்தான். "ரெண்டு இஞ்ச் தண்ணி வந்துச்சு" என்றால், அது வி-நாட்ச் தகட்டில் தண்ணீர் எழுந்த உயரமா, குழாயின் விட்டமா என்று முதலில் கேட்க வேண்டும். 90 பாகை வி-நாட்ச் என்றால் இரண்டு இஞ்ச்சுக்கு மணிக்குச் சுமார் 2,900 லிட்டர். மூன்று இஞ்ச்சுக்கு அதில் ஒன்றரை மடங்கு என்று பலரும் நினைப்பார்கள். உண்மையில் அது மணிக்குச் சுமார் 8,000 லிட்டர். உயரம் ஏற ஏற ஓட்டம் அதன் இரண்டரை அடுக்கில் ஏறும். நேர்விகிதத்தில் இல்லாத இந்த மாதிரி உறவையும் யூனிட்ஸில் எழுதி வைக்கலாம். உயரத்திலிருந்து ஓட்டத்துக்கு ஒரு சூத்திரம், ஓட்டத்திலிருந்து உயரத்துக்கு ஒரு சூத்திரம் கொடுத்தால் இரு திசையிலும் மாற்றித் தரும். பம்பு எத்தனை ஹார்ஸ்பவர் என்று முடிவு செய்யும் இடம் இது. நேர்விகிதம் என்று நினைத்துப் பம்பு வாங்கினால் காசு வீண், அல்லது போர் வறண்டு மோட்டார் காயில் எரியும்.

இன்னும் சில இடங்களில் கவனம் வேண்டும். வெப்பநிலை வேறு, வெப்பநிலை வித்தியாசம் வேறு; 5 டிகிரி செல்சியஸ் என்பது 41 பாரன்ஹீட், 5 டிகிரி கூடக்குறைய என்பது 9 பாரன்ஹீட். கருவியில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. கேலன் என்றால் அது அமெரிக்க கேலனைத்தான் எடுத்துக்கொள்ளும், 3.785 லிட்டர். பழைய பிரிட்டிஷ் பம்பின் தகட்டில் இருப்பது 4.546 லிட்டர் கேலன். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கொடுத்துக் கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டால், தானாகவே தலைகீழாக்கி ஒரு குறிப்போடு விடை தரும். கையால் கேட்கும்போது அது உதவிதான். ஸ்கிரிப்டுக்குள் ஓடும்போது அந்தக் குறிப்பை யாரும் பார்க்கமாட்டார்கள், ஆகவே கண்டிப்பு முறையை இயக்கிவிடுங்கள். சாய்கோட்டுக்குப் பிறகு இரண்டு அலகை இடைவெளி விட்டு எழுதினால் இரண்டாலும் வகுக்கும்; நடுவே பெருக்கலுக்கான நட்சத்திரக் குறி போட்டால் முதல் அலகால் மட்டும் வகுத்து, இரண்டாவதால் பெருக்கிவிடும். அடைப்புக்குறி போடுவது பாதுகாப்பு.

ஆவணத்தில் எழுதும் முறைக்கும் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம். மூலத்தில் எந்த அளவு இருந்ததோ அது முதலில், மாற்றியது அடைப்புக்குறிக்குள். பட்டாவிலிருந்து எடுத்தது ஏர் என்றால் ஏர்தான் முன்னால். கடைசிப் பக்கத்தில் குழி, காணி, சென்ட் ஆகியவற்றுக்கு எந்த வரையறை எடுத்துக்கொண்டோம் என்று மூன்று வரி. வங்கி மேலாளர் மதுரைக்காரராக இருக்கலாம், பொறியாளர் கோவைக்காரராக இருக்கலாம். அவரவர் ஊர்க் கணக்கை வைத்து இந்த எண்ணைப் படிக்கவிடக் கூடாது.

நிலம், தண்ணீர் அளவுக்கு விளைச்சல் கணக்கு சிக்கலில்லை. மூட்டையின் எடையை மட்டும் கேட்டுக்கொண்டால் போதும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல் மூட்டை வழக்கமாக 75 கிலோ, மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டை 80 கிலோ. அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சிப்பம் 40 கிலோ, விலை சொல்வது குவிண்டாலுக்கு. மல்லாட்டை மூட்டை 8,000 ரூபாய் என்றால் குவிண்டால் 10,000 ரூபாய். அதே 8,000 நெல்லுக்கான 75 கிலோ மூட்டை என்று தவறாக எண்ணிக் கணக்கிட்டால் 10,667 ஆகிவிடும். மூன்று மூட்டைக்கும் கோப்பில் தனித்தனி வரி இருக்கிறது. படிக்கும் மரக்காலுக்கும் இன்னும் வரி எழுதவில்லை. ஊர்களில் மிஞ்சியிருக்கும் மரக்கால்களை லிட்டர் குவளையால் தண்ணீர் ஊற்றி அளந்து, எந்த ஊர் மரக்கால் என்ற குறிப்போடுதான் அவை கோப்புக்குள் வரும்.