48 மணி நேரம், ஒரே கால்சைன்: உள்ளூர்க் கிளப்போடு ஹாம் ரேடியோப் போட்டிக்கு

அக்டோபரின் கடைசி முழு வார இறுதி. சனிக்கிழமை காலை நம் நேரப்படி 5.30க்குத் தொடங்கி திங்கள் காலை 5.30 வரை உலகம் முழுக்க ஹாம்கள் மைக்கை விடுவதில்லை. 1948 முதல் நடந்துவரும் சிக்யூ வேர்ல்ட் வைட் போட்டி அது. அக்டோபரில் குரல், நவம்பரின் கடைசி முழு வார இறுதியில் மோர்ஸ்.

'நம்மிடம் டவர் இல்லை, கிலோவாட் இல்லை, நமக்கு எதற்குப் போட்டி' என்று ஒதுங்கிவிடும் கிளப்புகள் நம் ஊரில் அதிகம். இந்தப் போட்டி உலகத்தை 40 மண்டலங்களாகப் பிரிக்கிறது. நாம் இருப்பது 22. இலங்கை, மாலத்தீவு, பூடான் எல்லாம் இதே மண்டலம்தான். இங்கிருந்து ஒலிக்கும் குரல்கள் குறைவு என்பதால் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் உட்கார்ந்திருப்பவருக்கு 22 தேவைப்படுகிறது. மொட்டை மாடியில் ஒரு கம்பியும் 100 வாட்டும் வைத்திருக்கும் கிளப்பைத் தேடி வந்து அழைப்பார்கள். அந்த வரவேற்பைப் பயன்படுத்திப் புதியவர்களை ஆபரேட்டர்களாக்குவதுதான் ஒரு கிளப் போட்டிக்குப் போவதன் முதல் பயன் என்று நம்புகிறேன். கீழே சொல்லும் ஏற்பாடுகள் எல்லாம் அதை மனதில் வைத்தே சொல்பவை.

முதலில் எந்தப் போட்டி

எடுத்த எடுப்பில் 48 மணி நேரப் போட்டி வேண்டாம் என்றால் ஜூலை இரண்டாவது முழு வார இறுதியில் வரும் ஐஏஆர்யூ எச்எஃப் போட்டி நல்லது. சனி மாலை 5.30க்குத் தொடங்கி ஞாயிறு மாலை 5.30க்கு முடிந்துவிடும். அதில் சொல்ல வேண்டியது ஐடியூ மண்டல எண். தமிழ்நாட்டுக்கு அது 41. செப்டம்பர் முதல் முழு வார இறுதியில் ஜப்பானியர்கள் நடத்தும் ஆல் ஏசியன் குரல் போட்டியும் இருக்கிறது. அதில் ஆபரேட்டர் தன் வயதைச் சொல்வார். 17 வயதுப் பிள்ளை தன் வயதைச் சொன்னதும் மறுமுனையின் குரலில் தெரியும் மகிழ்ச்சிக்காகவே அந்தப் போட்டிக்குப் போகலாம்.

ஜூலையில் ஒத்திகை, செப்டம்பரில் இன்னொன்று, அக்டோபரில் பெரியது என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும்.

பிரிவையும் உரிமத்தையும் முடிவு செய்யுங்கள்

புதிய கிளப்புக்கு ஏற்றது 'பல ஆபரேட்டர், ஒரு டிரான்ஸ்மிட்டர், 100 வாட்' பிரிவு. ஒரே ரிக், ஒரே கால்சைன், மாறி மாறி ஆட்கள். இந்தப் பிரிவில் ஒரு மணி நேரத்தில் இத்தனை முறைதான் பேண்ட் மாற்றலாம் என்ற கட்டுப்பாடு உண்டு; அந்த ஆண்டு விதிகளை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

கிளப்புக்கென்று உரிமம் இருந்தால் அந்தக் கால்சைன். இல்லையென்றால் மூத்தவர் ஒருவருடையது. யார் மைக்கில் உட்கார்ந்தாலும் அவரவர் உரிமம் அனுமதிக்கும் சக்தியையும் பேண்டையும் தாண்டக் கூடாது. ரெஸ்ட்ரிக்டட் உரிமம் உள்ளவர் உட்காரும்போது பவரைக் குறைக்க வேண்டியிருக்கும். அவரைக் கேட்க வைக்காமல் மூத்தவரே கையோடு குறைத்துவிட வேண்டும். உரிமம் இன்னும் வராதவர்களுக்கு லாக் தட்டச்சு, ஆண்டெனா, மின்சாரம், சாப்பாடு என்று வேலை நிறைய இருக்கிறது.

கம்பி கட்டுவது

இதற்கு ஒரு முழு ஞாயிறு ஒதுக்குங்கள். போட்டிக்கு முந்தைய நாள் ஆண்டெனா கட்டினால் நிச்சயம் ஏதாவது விட்டுப்போகும்.

அரை அலை டைபோலின் நீளம் எளிய கணக்கு. 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் மொத்த நீளம். 7.1க்கு 20 மீட்டர், பக்கத்துக்குப் பத்து. 14.2க்கு 10 மீட்டர். 28.5க்கு 5 மீட்டர். ஒவ்வொரு முனையிலும் அரை மீட்டர் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். மேலே ஏற்றி, எஸ்டபிள்யூஆர் பார்த்து, மடித்து மடித்துக் குறைத்து வாருங்கள். 7க்கு வெட்டிய டைபோல் 21லும் ஓரளவு வேலை செய்யும்; அதனால் மூன்று கம்பியில் நான்கு பேண்ட் கிடைத்துவிடும். போட்டியில் 10, 18, 24 மெகாஹெர்ட்ஸ் பேண்டுகள் கிடையாது என்பதால் அவற்றுக்கு மெனக்கெட வேண்டாம்.

மாடித் தரையிலிருந்து நடுப்பகுதி குறைந்தது ஆறேழு மீட்டர் உயரட்டும். சவுக்குக் கம்பும் நைலான் கயிறும் போதும். பக்கத்தில் தென்னை இருந்தால் இன்னும் நல்லது. மின்கம்பி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கம்பை நிமிர்த்த வேண்டும். கம்பு சாய்ந்தாலும், ஆண்டெனா அறுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரம் வேண்டும். இதில் சமரசமே கிடையாது.

அக்டோபர், நவம்பர் என்றால் நமக்கு வடகிழக்குப் பருவமழை. மதியத்துக்கு மேல் இடி திரண்டால் 3.5 மெகாஹெர்ட்ஸில் சடசடப்பைத் தவிர வேறெதுவும் கேட்காது. வானம் இருட்டி மின்னல் தெரிந்தால் கோஆக்ஸைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போடுங்கள். எத்தனை பேர் வரிசையில் நின்று அழைத்துக்கொண்டிருந்தாலும் சரி. கழற்றும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள். எல்லோருக்கும் பொது என்றால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

மின்வெட்டுக்கு 12 வோல்ட் பேட்டரி தயாராக இருக்கட்டும். 100 வாட் ரிக் உச்சத்தில் 20 ஆம்பியர் இழுக்கும், அதற்கேற்ற தடிமனான வயர் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் பல நேரம் ரிசீவரில் இரைச்சலைக் கொட்டும். மலிவு எல்இடி பல்புகளும் அப்படித்தான். ஒத்திகை நாளில் வீட்டின் மெயினை அணைத்து, பேட்டரியில் கேட்டுப்பாருங்கள். இரைச்சல் நம் வீட்டிலா, பக்கத்து வீட்டிலா என்று அப்போதே தெரிந்துவிடும்.

புள்ளி எப்படி ஏறுகிறது

சிக்யூ வேர்ல்ட் வைடில் வேறு கண்டத்து நிலையம் என்றால் 3 புள்ளி, ஆசியாவிலேயே வேறு நாடு என்றால் 1, இந்தியாவுக்குள் 0. ஒவ்வொரு பேண்டிலும் புதிதாகக் கிடைக்கும் ஒவ்வொரு நாடும், ஒவ்வொரு மண்டலமும் ஒரு பெருக்கி. மொத்தப் புள்ளியைப் பெருக்கிகளின் கூட்டுத்தொகையால் பெருக்கினால் மதிப்பெண்.

உங்களிடம் 1000 புள்ளியும் 150 பெருக்கியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மதிப்பெண் 1,50,000. ஏற்கெனவே பேசிய ஒரு ஐரோப்பிய நாட்டிலிருந்து இன்னொருவர் கிடைத்தால் 450 கூடும். அந்தப் பேண்டில் இதுவரை எந்த இந்திய நிலையத்தோடும் பேசவில்லை என்றால், பக்கத்துத் தெரு நண்பரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். புள்ளி பூஜ்யம்தான், ஆனால் நாடு ஒன்று, மண்டலம் 22 ஒன்று, ஆக இரண்டு பெருக்கி. மதிப்பெண் 2,000 ஏறும். உள்ளூர் நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

யார் எப்போது மைக்கில்

இங்கேதான் பெரும்பாலான கிளப்புகள் தலைகீழாகச் செய்கின்றன. நல்ல நேரமெல்லாம் மூத்த ஆபரேட்டர்களுக்கு, அதிகாலை மூன்று மணி வெற்று பேண்ட் புதியவருக்கு. இரண்டு மணி நேரம் கத்தியும் யாரும் பதில் சொல்லாமல் தொண்டை வறண்டு எழுந்துபோகும் பெண், அடுத்த வருடம் வரமாட்டாள்.

பேண்டுகளின் போக்கை ஒரு தாளில் எழுதுங்கள். விடியும்போது 7ல் ஐரோப்பா இன்னும் இருட்டில் இருக்கும். கடைசிச் சில நிமிடம் அங்கே. காலை ஏழிலிருந்து 21லும் 28லும் ஜப்பான், கிழக்காசியா, ஆஸ்திரேலியா. மதியம் ஒரு மணிவாக்கில் ஐரோப்பா விழித்து வரும். மாலைவரை 21, 28, பிறகு 14. சூரியப் புள்ளிகள் குறைந்த ஆண்டுகளில் 28ஐ நம்பாமல் 21ஐயும் 14ஐயும் பிடித்துக்கொள்ளுங்கள். வட அமெரிக்கா நமக்குக் கஷ்டம், பாதை வட துருவத்தை ஒட்டிப் போகிறது. முன்னிரவில் சற்று நேரம் திறந்தால் அப்போது பிடித்தால்தான் உண்டு. இரவில் 7.

இந்தத் தாளில் ஐரோப்பா வெள்ளமாக வரும் மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை புதியவரின் பெயரை எழுதுங்கள். பக்கத்தில் இன்னொரு ஹெட்செட் மாட்டி மூத்தவர் உட்காரட்டும். லாக்கில் கை வைக்கலாம், மைக்கில் வாய் வைக்கக் கூடாது. மணிக்குக் கிடைக்கும் எண்ணிக்கை பாதியாகும், பரவாயில்லை. அதிகாலை மூன்று மணி வெற்று பேண்டில் ஒவ்வொரு பெருக்கியாகத் துழாவிப் பிடிப்பது அனுபவசாலியின் வேலை.

மைக்கில் என்ன பேசுவது

'சிக்யூ கான்டெஸ்ட்' என்று சொல்லி உங்கள் கால்சைனை விக்டர் யூனிஃபார்ம் என்று எழுத்தெழுத்தாகச் சொல்லி நிறுத்துங்கள். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பாய்வார்கள். மீன் சந்தை இரைச்சலில் ஒரு விலை மட்டும் காதில் விழுவதுபோல 'ஜூலியட் ஆல்ஃபா' மட்டும் கேட்கிறது. உடனே 'ஜூலியட் ஆல்ஃபா, அகெய்ன்' என்று சொல்லுங்கள். அவர் முழுக் கால்சைனைச் சொல்வார். அதை அப்படியே திருப்பிச் சொல்லி, 'ஃபைவ் நைன் டூ டூ'. அவர் 'ஃபைவ் நைன் டூ ஃபைவ்' என்பார், ஜப்பான் 25. 'தேங்க் யூ' என்று உங்கள் கால்சைன். முடிந்தது, பத்து வினாடி.

இந்தப் பத்து வினாடிக்குள் ஒரு ஒழுக்கம் இருக்கிறது. ஜூலியட் ஆல்ஃபா என்று தொடங்கிவிட்டால் அவரை முடிக்கும்வரை வேறு யார் எவ்வளவு பலமாகக் கத்தினாலும் எடுக்கக் கூடாது. ஒருமுறை விட்டுக்கொடுத்தால் கத்துபவருக்குத்தான் இடம் என்று எல்லோரும் புரிந்துகொண்டு கூட்டம் கலைந்துவிடும். மண்டலத்தை 'ட்வென்டி டூ' என்று சொல்லாமல் 'டூ டூ' என்றே சொல்லுங்கள். பெயர், ஊர், வானிலை விசாரிப்பு எதுவும் வேண்டாம்.

அதிர்வெண் பிடித்து நின்று அழைப்பதற்கு முன் புதியவர் அரை மணி நேரம் பேண்டில் தேடித் தேடிப் பதில் சொல்லிப் பழகட்டும். மோர்ஸ் போட்டிக்கு வீட்டில் பழக மோர்ஸ் ரன்னர் என்ற இலவச நிரல் இருக்கிறது. பலர் ஒரே நேரத்தில் அழைக்கும் பைல்-அப்பை அப்படியே காதில் கொட்டும்.

கூச்சலின் நடுவே ஒரு குரலைப் பிரித்து, பிழையில்லாமல் எழுதி, அடுத்தவரை அழைப்பது போட்டிக்கு மட்டும் பயன்படும் திறமை இல்லை. 2004 டிசம்பரில் ஐதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசிக்கொண்டிருந்தது. 26ஆம் தேதி சுனாமி வந்தது. மற்ற தொடர்புகள் அறுந்தபோது அதே ரிக்கில் அவர்கள் அவசரச் செய்திகளை அனுப்பினார்கள். நம் கடற்கரைக்கும் புயல்களுக்கும் இந்தத் திறமை வேண்டியிருக்கிறது.

லாக்

என்1எம்எம் லாகர் இலவசம், விண்டோஸில் ஓடும். கணினிக் கடிகாரத்தை இணையத்தோடு சரிபார்த்து, லாக் யுடிசி நேரத்தில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆள் மாறும்போதெல்லாம் நிரலில் ஆபரேட்டர் பெயரையும் மாற்றுங்கள். மணிக்கொருமுறை பென் டிரைவில் நகல்.

பல ஆபரேட்டர் பிரிவில், யார் எந்த அதிர்வெண்ணில் இருக்கிறார் என்று இணையத்தில் காட்டும் கிளஸ்டரைப் பார்க்க அனுமதி உண்டு. திரையில் தெரியும் கால்சைனை அப்படியே தட்டாமல் காதால் கேட்டு எழுதுங்கள். தவறான கால்சைனுக்குப் புள்ளி போவதோடு கூடுதலாக அபராதமும் உண்டு.

போட்டி முடிந்த 5 நாளுக்குள் கேப்ரில்லோ வடிவில் லாக்கை அனுப்ப வேண்டும். கிளப் பெயரையும் அதில் போடுங்கள். வீட்டிலிருந்து தனியாக ஆடிய உறுப்பினர்களின் மதிப்பெண்ணும் விதிக்கு உட்பட்டுக் கிளப் கணக்கில் சேரும். முடிந்தபிறகு இணையத்தில் தேடி லாக்கைத் திருத்துவது கூடாது. கேட்டது எதுவோ அதுதான் லாக்.

சில மாதம் கழித்து, எந்தக் கால்சைனை எப்படித் தவறாக எழுதினோம் என்று வரிவரியாகக் காட்டும் சரிபார்ப்பு அறிக்கை வரும். கிளப் கூட்டத்தில் அதைத் திரையில் போட்டு எல்லோரும் சேர்ந்து படியுங்கள். யார் எழுதியது என்று கேட்க வேண்டாம். எந்த எழுத்துகள் குழம்பின, எந்த மணி நேரத்தில் பிழை கூடியது என்று மட்டும் பாருங்கள். அதிகாலை நான்கு மணிக்குப் பிழை குவிந்திருந்தால் அடுத்த போட்டியில் அந்த நேரத்துக்கு ஷிஃப்டை இரண்டு மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரமாகக் குறைத்துப் பட்டியலை அங்கேயே எழுதிவிடுங்கள்.