ஸ்கூபாவுக்குப் பின் காதுக் கோளாறு: எதற்குக் காத்திருக்கலாம், எதற்கு ஓட வேண்டும்?

ஸ்கூபா முடித்துக் கரையேறுபவர்களுக்கு வரும் உடல் தொந்தரவுகளில் முதலிடம் காதுக்குத்தான். ஹேவ்லாக் தீவிலோ, திருகோணமலையின் புறாத்தீவிலோ, புதுச்சேரிக் கடலிலோ மூழ்கி எழுந்தவர் "காது அடைச்ச மாதிரி இருக்கு" என்றால், படகில் இருப்பவர்கள் சொல்லும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: "தண்ணி போயிருக்கும், ரெண்டு நாள்ல சரியாயிடும்." பெரும்பாலும் சரியாகியும் விடுகிறது. சிக்கலே அங்குதான் தொடங்குகிறது. தானாக ஆறிவிடும் அடைப்பும், உடனே கவனிக்காவிட்டால் நிரந்தரமான கேட்புக் குறையில் முடியக்கூடிய காயமும் முதல் சில மணி நேரம் ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டையும் பிரித்தறிய நாம் வழக்கமாக நம்புவது வலியை. வலி தாங்க முடியாவிட்டால் டாக்டரிடம் போகிறோம். வலியில்லை என்றால் விட்டுவிடுகிறோம். காது விஷயத்தில் இந்தக் கணக்கு தப்பு. வலியை உணரும் நரம்புகள் நிறைந்திருப்பது வெளிச்செவியிலும் செவிப்பறையிலும்தான். ஒலியைக் கேட்கவும், நாம் தள்ளாடாமல் நிற்கவும் உதவும் உட்செவி சேதமடைந்தால் வலிக்காது. ஆகவே 'எவ்வளவு வலிக்கிறது?' என்ற கேள்வியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, 'முன்போலக் கேட்கிறதா? தலை சுற்றுகிறதா? எப்போது தொடங்கியது?' என்ற மூன்றையும் முன்னால் வைக்க வேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த மூன்று கேள்விகளின் மேல்தான் நிற்கிறது.

படி 1: காதில் எங்கே அடிபடுகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

கடல்மட்டத்தில் நம்மீது உள்ள அழுத்தம் ஒரு வளிமண்டலம். 10 மீட்டர் ஆழத்தில் அது இரண்டாகிறது. அடைபட்ட காற்றின் கன அளவு பாதியாகச் சுருங்குகிறது. 20 மீட்டரில் அது மூன்றில் ஒரு பங்கு. ஆக, மிகப் பெரிய மாற்றம் முதல் 10 மீட்டருக்குள்ளேயே நடந்துவிடுகிறது. செவிப்பறைக்குப் பின்னால் உள்ள நடுச்செவி, காற்று நிறைந்த சிறு அறை. அதற்குள் காற்று போக இருக்கும் ஒரே வழி, மூக்கின் பின்புறத்திலிருந்து வரும் யூஸ்டேஷியன் குழாய். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதியோ எச்சில் விழுங்கியோ அந்தக் குழாயைத் திறப்பதைத்தான் டைவர்கள் 'ஈக்வலைஸ்' என்கிறார்கள். ஒவ்வொரு மீட்டர் இறங்கும்போதும் ஏறத்தாழ 76 மி.மீ. பாதரச அளவுக்கு அழுத்தம் கூடுகிறது. உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாடு 90 மி.மீ. அளவைத் தொட்டால் குழாயின் வாய் அழுந்தி மூடிக்கொள்ளும். பிறகு எத்தனை முறை ஊதினாலும் திறப்பது கடினம். ஒரு மீட்டருக்குச் சற்று மேல் கவனம் தவறினாலே போதும். "நான் 5 மீட்டர்தானே போனேன், காதுக்கு என்ன ஆகிவிடப் போகிறது?" என்ற கேள்விக்கு இதுவே பதில். சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கி மூழ்குபவர்களுக்கும், மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்பவர்களுக்கும் இதே இயற்பியல்தான்.

அடிபடும் இடங்கள் மூன்று. முதலாவது வெளிச்செவி: ஈரத்தில் ஊறிய தோலில் கிருமி தொற்றி அரிப்பும் வலியும் வரும். இரண்டாவது நடுச்செவி: ஈக்வலைஸ் ஆகாததால் செவிப்பறை உள்நோக்கி இழுபட்டு, உள்ளே நீரோ ரத்தமோ கசியும், சில சமயம் பறை கிழியும். டைவர்களுக்கு அதிகம் வருவது இதுதான். மூன்றாவது உட்செவி. அதற்குச் சேதம் இரண்டு வழிகளில் வருகிறது. மூடிக்கொண்ட குழாயை எதிர்த்து முரட்டுத்தனமாக ஊதும்போது, நடுச்செவிக்கும் உட்செவிக்கும் இடையிலுள்ள மெல்லிய சவ்வு கிழிந்து உள்ளிருக்கும் திரவம் கசியலாம். அல்லது ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு மேலேறும்போது, திசுக்களில் கரைந்திருந்த நைட்ரஜன் உட்செவியில் குமிழிகளாகப் பிரியலாம். முதலாவது அழுத்தக் காயம். இரண்டாவது, அழுத்தம் குறைவதால் வரும் குமிழி நோய். இரண்டின் வெளித்தோற்றமும் ஒன்றுபோல இருக்கும். சிகிச்சை மட்டும் வேறு வேறு.

படி 2: தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

அறிகுறி என்ன என்பதைவிட, அது எப்போது தொடங்கியது என்பது பல நேரங்களில் அதிகம் சொல்லும். இறங்கும்போதே அழுத்தமும் வலியும் தொடங்கி, மேலே வந்த பிறகு அடைப்பாக நின்றால், அது பெரும்பாலும் நடுச்செவி. மேலேறும்போது சட்டென்று தலை சுற்றி, சில நிமிடங்களில் முற்றிலும் நின்றுவிட்டால், இரண்டு காதுகளிலும் அழுத்தம் சமமாக வெளியேறாததே பொதுவான காரணம். நீருக்கடியில் 'பட்' என்று ஒரு வலி வந்து, உடனே வலி குறைந்து, குளிர்ந்த நீர் உள்ளே போனதுபோல் தலை சுழன்றால் செவிப்பறை கிழிந்திருக்கக்கூடும். வலி குறைந்ததே என்று அங்கே ஆறுதல் அடைபவர்கள் உண்டு. உண்மையில் அழுத்தம் தணிந்ததற்குக் காரணமே அந்தக் கிழிசல்தான். மேலே வந்த பிறகு, குறிப்பாக முதல் இரண்டு மணி நேரத்துக்குள், உலகமே சுழல்வதுபோல் தலைசுற்றலும் வாந்தியும் வந்தால் குமிழி நோயைச் சந்தேகிக்க வேண்டும். "கடல் ஒத்துக்கொள்ளவில்லை, படகு ஆட்டம்" என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் படகு ஆட்டத்தால் வரும் குமட்டல் தரையில் கால் வைத்துச் சற்று நேரத்தில் தணியத் தொடங்கும். சுழல்வது தணியாவிட்டால் காரணம் படகு அல்ல. கடைசியாக, டைவ் முடிந்து ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பில் தொடங்கி வலியாக வளர்வது வெளிச்செவித் தொற்று.

படி 3: கரையிலேயே இரண்டு சோதனைகள் செய்யுங்கள்

முதல் சோதனைக்கு ஒரு விரல் போதும். காதுத் துளையின் முன்புறம் துருத்திக்கொண்டிருக்கும் சிறு குருத்தெலும்பு மேட்டை அழுத்துங்கள். காது மடலையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். அப்போது வலி சுரீரென்று கூடினால் கோளாறு வெளிச்செவியில். வலி மாறவில்லை என்றால் பெரும்பாலும் அதற்கு உள்ளே.

இரண்டாவது சோதனை, ஒரு காது மட்டும் அடைத்திருப்பவர்களுக்கு. அமைதியான அறையில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று ஒரே சுரத்தில் முனகுங்கள். ஒலி எந்தப் பக்கம் பலமாகக் கேட்கிறது? அடைத்த காதிலேயே பலமாகக் கேட்டால், ஒலி உள்ளே போகும் பாதையில்தான் தடை. அதாவது வெளிச்செவி அல்லது நடுச்செவி. நல்ல காதின் பக்கம் ஒலி சாய்ந்தால், அடைத்த காதின் உட்செவியோ நரம்போ பாதிக்கப்பட்டிருக்கலாம். காது மருத்துவர் இசைக்கவையை நெற்றியில் வைத்துச் செய்யும் சோதனையின் தத்துவமும் இதுவே. "வீட்டுச் சோதனையை நம்பி முடிவெடுக்கலாமா?" என்று கேட்பது நியாயம். நிம்மதி அடைவதற்கு இதை நம்பாதீர்கள். அவசரப்படுவதற்கு மட்டும் நம்புங்கள். ஒலி நல்ல காதுக்குச் சாய்ந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். சாயவில்லை என்றாலும், அடுத்த படியில் உள்ள அறிகுறிகளில் ஒன்று இருந்தால் போயே ஆக வேண்டும்.

படி 4: அறிகுறிக்கு ஏற்ப அவசரத்தை முடிவு செய்யுங்கள்

மணிக்கணக்கில் செயல்பட வேண்டியவை இவை: நிற்காத தலைசுற்றல், நடையில் தள்ளாட்டம், திடீரென்று குறைந்த கேட்புத்திறன், புதிதாகத் தொடங்கிய பலத்த காதிரைச்சல், முகத்தின் ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது. இவற்றோடு மூட்டுவலி, கை கால் மரத்துப்போவது, தோலில் திட்டுகள், அசாதாரணமான சோர்வு ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தால் குமிழி நோயின் சந்தேகம் வலுக்கிறது. டைவ் நிலையத்தில் இருக்கும் ஆக்சிஜனை உடனே கேட்டு வாங்கிச் சுவாசிக்க வேண்டும். உட்செவி அடிபட்டது எந்த வழியில் என்றாலும் ஆக்சிஜனால் கெடுதல் இல்லை. குமிழி நோய்க்கு உயர் அழுத்த அறையில் சிகிச்சை தேவை. ஆனால் உட்செவிச் சவ்வு கிழிந்தவரை அதே அறையில் வைத்தால், அழுத்தம் ஏறும்போது காயம் மோசமாகலாம். அதனால்தான் இந்த முடிவை டைவிங் மருத்துவம் அறிந்த ஒருவரிடம் விட வேண்டும். 1980இல் தொடங்கப்பட்ட டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பு இதற்கென்றே 24 மணி நேரத் தொலைபேசி ஆலோசனை தருகிறது. அந்த எண் கையில் இருக்கிறதா என்று டைவ் நிலையத்தில் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஓரிரு நாளுக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டியவை: காதிலிருந்து ரத்தமோ நீரோ வடிவது, பறை கிழிந்த சந்தேகம், கூடிக்கொண்டே போகும் வலி, காய்ச்சல், சீழ். வலியோ தலைசுற்றலோ இல்லாமல் லேசான அடைப்பு மட்டும் இருந்து, ஒலி அடைத்த காதுப் பக்கமே சாய்ந்து, நாளுக்கு நாள் குறைந்துவந்தால் இரண்டு மூன்று நாள் பொறுக்கலாம். அதற்கு மேலும் நீடித்தால் காட்டிவிட வேண்டும். "பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே ஆறிவிடுகிறதே, எல்லோரையும் ஏன் பயமுறுத்த வேண்டும்?" என்ற மறுப்பு எழலாம். எல்லோரும் ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தானாக ஆறுவது நடுச்செவி அடைப்பு. அந்தப் புள்ளிவிவரத்தை உட்செவிக்குக் கடன் கொடுக்க முடியாது. உட்செவியின் நுண்ணிய உணர்செல்கள் மனிதர்களுக்கு மறுபடி முளைப்பதில்லை. திடீர் கேட்புக் குறைக்குத் தரப்படும் ஸ்டீராய்டு, முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் நல்ல வாய்ப்பு. இரண்டு வாரத்தைத் தாண்டினால் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. பொறுத்துப் பார்ப்பதன் விலை நடுச்செவிக்கும் உட்செவிக்கும் ஒன்றல்ல.

படி 5: காயத்தைப் பெரிதாக்கும் காரியங்களை நிறுத்துங்கள்

அடைத்த காதை 'திறக்க' மூக்கைப் பிடித்து மறுபடி மறுபடி ஊதாதீர்கள். உட்செவிச் சவ்வு கிழிந்திருந்தால், ஒவ்வொரு ஊதலும் கசிவைக் கூட்டும். சளியைப் பலமாகச் சிந்துவது, கனம் தூக்குவது, மலம் கழிக்க முக்குவது ஆகியவையும் அப்படித்தான். தலையைச் சற்று உயர்த்திப் படுத்து ஓய்வெடுங்கள். பட்ஸ் நுழைக்காதீர்கள்.

நம் வீடுகளில் காதுவலி என்றதும் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை வெதுவெதுப்பாக ஊற்றும் பழக்கம் இருக்கிறது. பாட்டி காலத்திலிருந்து வரும் வைத்தியம், யாருக்கும் கெடுதல் வந்ததில்லை என்பார்கள். முழுதாக இருக்கும் செவிப்பறைக்கு வெளியே அந்த எண்ணெய் தங்கிவிடும். டைவிங்குக்குப் பின் பறை முழுதாக இருக்கிறதா என்பதே தெரியாது. கிழிந்திருந்தால் எண்ணெயும் அதிலுள்ள கிருமியும் நேரே நடுச்செவிக்குள் இறங்கும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துக்கும் இதே எச்சரிக்கை. ஜென்டாமைசின், நியோமைசின் போன்றவை கிழிந்த பறை வழியே உட்செவியை எட்டினால் கேட்புத்திறனையே பாதிக்கக்கூடும். மருத்துவர் உள்ளே பார்க்கும்வரை காதில் எதுவும் விட வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

விமானப் பயணமும் இந்தப் பட்டியலில் சேரும். குமிழி நோயைத் தவிர்க்க, ஒரே ஒரு டைவுக்குப் பின் குறைந்தது 12 மணி நேரமும், பல டைவுகளுக்குப் பின் 18 மணி நேரமும் பறக்கக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. காது அடைத்திருப்பவருக்கு அந்த விதி போதாது. விமானம் இறங்கும்போது ஏறும் அழுத்தம் அதே காதை மறுபடி தாக்கும். போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது என்பதற்காகப் பறந்துவிடாமல், முதலில் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள்.

படி 6: மருத்துவரிடம் முழு விவரம் சொல்லுங்கள்

கடலோர ஊரில் இல்லாத ஒரு மருத்துவர் ஆண்டுக்கு ஒரு டைவரைக்கூடப் பார்க்காமல் இருக்கலாம். "காது அடைப்பு" என்று மட்டும் சொன்னால் அவர் சளியையோ குரும்பியையோதான் முதலில் நினைப்பார். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை டைவ், எவ்வளவு ஆழம், எத்தனை நிமிடம், ஈக்வலைஸ் செய்யச் சிரமம் இருந்ததா, பலமாக ஊதினீர்களா, அறிகுறி இறங்கும்போதா ஏறும்போதா கரையிலா தொடங்கியது, அப்போது சளி இருந்ததா, என்ன மருந்து எடுத்தீர்கள். "செவிப்பறை நன்றாக இருக்கிறது" என்று அவர் சொன்னால் பாதி நிம்மதி மட்டும் அடையுங்கள். கருவி வழியே தெரிவது பறைவரைதான். உட்செவி கண்ணுக்குத் தெரியாது. கேட்புக் குறையோ இரைச்சலோ இருந்தால் ஆடியோகிராம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். அரை மணி நேரத்துக்குள் முடியும் வலியில்லாத சோதனை அது. பாதையில் தடையா, உட்செவியில் சேதமா என்பதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும்.

படி 7: மறுபடி இறங்கும் முன்

விடுமுறை முடியப் போகிறது, பணமும் கட்டியாகிவிட்டது, மூக்கடைப்பு மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு இறங்கிவிடலாம் என்ற எண்ணம் பலருக்கு வரும். மாத்திரையின் வேகம் நீருக்கடியில் தீர்ந்துபோனால் வீக்கம் திரும்பும். இறங்கும்போது திறந்த குழாய் ஏறும்போது மூடிக்கொள்ளும். இறங்க முடியாவிட்டால் டைவைக் கைவிடலாம். ஏறாமல் இருக்க முடியாது. லேசான நடுச்செவிக் காயம் சில நாட்களில் அல்லது சில வாரங்களில் ஆறும். கிழிந்த பறை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். ஆனால் மருத்துவர் பார்த்து ஒப்புக்கொள்ளும்வரை, பொதுவாக இரண்டு மாதமாவது, நீரில் மூழ்கக் கூடாது. உட்செவி அடிபட்டவர் மறுபடி டைவ் செய்யலாமா என்பதைச் சிறப்பு மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

அனுமதி கிடைத்த பிறகும் பழக்கம் மாற வேண்டும். வலி வரும் முன்பே, முதல் அரை மீட்டரிலிருந்தே ஈக்வலைஸ் செய்யுங்கள். கால் கீழாக மெல்ல இறங்குங்கள். திறக்கவில்லை என்றால் ஊதுவதை நிறுத்தி ஒரு மீட்டர் மேலேறி மறுபடி முயலுங்கள். அப்போதும் திறக்காவிட்டால் பயிற்சியாளருக்குக் கையை விரித்து ஆட்டி, காதைச் சுட்டிக்காட்டி, டைவை முடித்துக்கொள்ளுங்கள். நல்ல பயிற்சியாளர் அதற்காக முகம் சுளிக்க மாட்டார். கரையேறியதும் அவர் ஒவ்வொருவரிடமும் "வலிக்கிறதா?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், முன்போலக் கேட்கிறதா, தலை சுற்றுகிறதா, எப்போதிலிருந்து என்றும் விசாரிக்கட்டும். அவர் கேட்காவிட்டால் நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பதிலில் சந்தேகம் வந்தால், அன்று பொழுது சாயும் முன் மருத்துவரிடம் போங்கள்.