அசைவறியும் விளையாட்டுக் கருவிகள்

விளையாட்டு என்பது உடலும் உள்ளமும் ஒருங்கே பயிலுங் கல்வியாகும். வீடியோ விளையாட்டுகளோ நெடுங்காலம் உடலை நாற்காலியில் இருத்தி, விரல்களுக்கு மட்டுமே வேலை தந்தன. இந்நிலையைப் பெரிதும் மாற்றியது, ஜப்பான் தேசத்து நின்டெண்டோ கம்பெனியார் 2006-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'வீ' என்னும் சாதனம். அதன் கைப்பிடியைப் பற்றிக் கையை வீசினால், திரையிலுள்ள டென்னிஸ் மட்டையும் உடன் வீசும். இஃது எங்ஙனம் இயலுகின்றது என்பதையும், இதனால் நாம் கற்கத்தக்கது யாது என்பதையும் சுருங்க ஆராய்வாம்.

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலைப்பாதையிற் பஸ் ஏறி வருவோர், வளைவுதோறும் தம் உடல் ஒருபுறம் சாய்தலை உணர்வர். கண்ணை மூடியிருப்பினும், வண்டி எப்பக்கம் திரும்பிற்று என்பது அச்சாய்வினால் விளங்கும். கைப்பிடியினுள் அமைந்த முடுக்கமானியின் தத்துவமும் இதுவே. சிலிக்கனாலான மிகச் சிறிய எடையொன்று மெல்லிய விற்சுருள் போன்ற இழைகளால் தாங்கப்பட்டுள்ளது. கை அசையுங்கால் அவ்வெடை சற்றுப் பின்தங்க, அருகிலுள்ள தகடுகளின் மின்தேக்குதிறன் மாறுகின்றது. அம்மாறுதலையே யந்திரம் அசைவாகக் கணிக்கின்றது. கைப்பிடி அசையாதிருக்கையிலும் புவியீர்ப்பு அவ்வெடையை இழுத்தலால், அஃது எப்பக்கம் சாய்ந்துள்ளது என்பதும் புலனாம்.

ஜமுனாமரத்தூரில் நண்பரொருவர் இல்லத்தில் யாம் இச்சாதனத்தை முதன்முறை கையாண்டபோது, இரண்டு விஷயங்கள் மனத்திற் பதிந்தன. ஒன்று, அதன் எளிமை. வீடியோ விளையாட்டையே அறியாத அவ்வீட்டுப் பாட்டியார், கையை ஒருமுறை வீசியதும் திரையிற் பந்து திரும்பிச் செல்லக் கண்டு, குழந்தைபோல் நகைத்தார். மற்றொன்று, அதன் குறுகிய பார்வை. அரைமணி நேரத்திற்குள் பேரப்பிள்ளைகள், மணிக்கட்டைச் சொடுக்கினாலே போதுமெனக் கண்டுகொண்டு, கட்டிலிற் சாய்ந்தவாறே வென்றனர். பாட்டியார் தோள் நோக வீசிய வீச்சையும், பேரன் சொடுக்கிய சொடுக்கையும் யந்திரம் ஒன்றாகவே மதித்தது.

இக்குறையை நீக்கும் முயற்சிகளும் நிகழ்ந்தன. 2009-இல் சுழற்சியை அறியும் ஜைரோஸ்கோப் கைப்பிடியுடன் சேர்க்கப்பட்டது. 2010-இல் மைக்ரோசாப்ட் கம்பெனியார் வெளியிட்ட 'கினெக்ட்', கைப்பிடியின்றியே உடல் முழுவதையும் நோக்கிற்று. ஆயினும் ஆடுவோர் ஏறக்குறைய ஆறடி விலகி நிற்க வேண்டியிருந்தமையால், சிறிய அறைகளுக்கு அஃது ஏற்றதாயில்லை. 2017-இல் அதன் உற்பத்தி நின்றது.

இங்குக் கருதத்தக்கதொன்றுண்டு. 'வீ' வெளிவந்த சில வாரங்களில், ஆடுவோர் வீசிய வேகத்தில் கைப்பிடிகள் வார் அறுந்து பறந்தன. அக்கம்பெனியார் 2006 டிசம்பரில் சுமார் 32 இலட்சம் வார்களுக்குப் பதிலாக உறுதியானவற்றைத் தர முன்வந்தனர். சொடுக்கு ஒன்றே போதுமாயிருந்தும், மாந்தர் முழுக் கையையும் வீசினர். யந்திரம் கேளாததை அவர்கள் விரும்பியே தந்தனர். ஆட்டத்தின் இன்பமும் அதிலேயே இருந்தது.

மாணவ நண்பர்களே! எந்த அளவுகருவியும் தான் காண அமைந்ததை மட்டுமே காணும். பரீட்சையும் அத்தகையதொரு கருவியே. சொடுக்கினால் மதிப்பெண் வரலாம். தோள் வலிமை வாராது. அன்று மாலை வென்றவன் பேரன், விளையாடியவர் பாட்டியார். கல்வியிலும் நாம் அப்பாட்டியார் பக்கம் நிற்போமாக.